கசட்டை வேகவைப்பதற்கு முன்

கழிவுநீர்க் கசட்டை நொதிக்கவைத்து மீத்தேன் எடுக்கும் வேலையில் அதிக நாள் பிடிப்பது முதல் கட்டம்தான். கசட்டிலுள்ள நுண்ணுயிர்களின் செல்சுவர் உடைந்து, உள்ளிருப்பது கரைந்து வந்தால்தான் அடுத்து வரும் பாக்டீரியாக்களுக்கு இரை கிடைக்கும். அந்த உடைப்பை முன்கூட்டியே முடித்துக்கொடுப்பது முன்பக்குவம். மீயொலியால் சிதைக்கலாம், காஸ்டிக் சோடாவில் ஊறவைக்கலாம், நீராவி அழுத்தத்தில் வேகவைக்கலாம்.

வேகவைக்கும் முறை 1990-களின் நடுவில் நார்வேயின் ஹாமரில் தொடங்கி, 2015-இல் வாஷிங்டனின் ப்ளூ ப்ளெய்ன்ஸ் நிலையம்வரை வந்துவிட்டது. சுமார் 165 டிகிரி செல்சியஸ், அரை மணி நேரம். மூன்று வாரச் செரிமானம் ஏறக்குறைய பாதியாகிறது, கிருமிகள் அழிகின்றன, கசட்டிலிருந்து நீர் எளிதாகப் பிரிகிறது. கொடுங்கையூர், பெருங்குடி போலக் கசட்டு வாயுவில் மின்சாரம் எடுக்கும் சென்னை நிலையங்களில் இதை முயன்று பார்க்கலாம் என்றே சொல்வேன். அங்கே அன்றாடம் புதுக்கசடு சேர்கிறது, இடமும் நெருக்கடி.

சிவகாசியின் கதை வேறு. 2021-இல் திருத்தங்கலையும் சேர்த்து மாநகராட்சியான ஊர். செப்டிக் டேங்கிலிருந்து லாரி உறிஞ்சி வருவது பெரும்பாலும் தண்ணீர். திடப்பொருள் 2 சதவீதம் என்று கொள்வோம். ஒரு டன்னை 30 டிகிரியிலிருந்து 165-க்கு ஏற்ற ஏறத்தாழ 567 மெகாஜூல் வெப்பம் வேண்டும். அதிலுள்ள 20 கிலோ திடப்பொருளில் மக்கக்கூடியது 14 கிலோ இருந்தால், தாராளமாகக் கணக்கிட்டாலும் 6 கன மீட்டர் வாயு. சுமார் 130 மெகாஜூல். உலைக்கு வைத்த விறகு, வெந்த சோற்றைவிட நான்கு மடங்கு விலை! இதுவும் புதுக்கசட்டின் கணக்குத்தான். டேங்கை இரண்டு மூன்று ஆண்டுக்கு ஒருமுறை சுத்தம் செய்யச் சொல்கிறது விதி. பல வீடுகளில் அடைத்துக்கொண்டால்தான் லாரியைக் கூப்பிடுகிறார்கள். அதற்குள் கசடு தன் வாயுவில் பெரும்பங்கை டேங்கிலேயே விட்டிருக்கும்.

கசட்டை 16 சதவீதம்வரை கெட்டியாக்கினால்தான் கணக்கு லாபத்துக்குத் திரும்ப வாய்ப்புண்டு. ஆகவே பணம் முதலில் போகவேண்டிய இடம் கொதிகலன் அல்ல. நீரைப் பிரிக்கும் தொட்டியும் உலர்த்தும் படுகையும். மதுராந்தகத்துக்கு அருகே கருங்குழியில் 2017-இல் வந்த மலக்கசடு நிலையம் படுகைகளை நம்பியதுதான். விருதுநகர் மாவட்டத்து வெயில் அந்த வேலையைக் காசில்லாமல் செய்யும். செரிமானத் தொட்டிக்கு வேண்டிய 35 டிகிரியை நெருங்கவும் வருடத்தில் பல மாதம் அதுவே உதவும்.

சுண்ணாம்பு? pH அளவை 12-க்கு ஏற்றி அரை மணி நேரம் வைத்தால் கிருமி சாகும், வயலுக்குப் போகும் கசட்டுக்கு நல்லது. மீத்தேன் உயிரிகள் 7-ஐ ஒட்டித்தான் வாழும். அமிலம் விட்டுத் தணிக்காமல் தொட்டியில் ஊற்றினால் அவையும் போய்விடும்.

எனக்குப் பெரிய கவலை வேறொன்று. பட்டாசும் அச்சகமும் நிறைந்த ஊர் இது. ஆலைக் கழிவு லாரியில் கலந்தால், அதிலுள்ள சல்பேட் ஹைட்ரஜன் சல்பைடாக மாறி, வாயுவில் ஓடும் மின்சார எஞ்சினை அரிக்கும். உலோகங்களை எந்த முன்பக்குவமும் அழிக்காது. அங்ககப் பொருள் கரையக் கரைய, மிஞ்சும் எருவில் அவற்றின் விகிதம் ஏறத்தான் செய்யும். அந்த எருவை வாங்கும் விவசாயிக்கு இதை யார் சொல்வது? கசட்டு நிலையத்துக்கு டெண்டர் விடுவதற்கு முன் ஒரு வருடம் ஒவ்வொரு லாரியும் எங்கே நிரப்பியது என்று பதிந்து, திடப்பொருள், சல்பேட், ஈயம், பேரியம் நான்கையும் மாதிரி எடுத்துப் பார்க்க மாநகராட்சி முன்வர வேண்டும்.