அன்றாட ஜெபம் யார் கையில்?

தமிழ் எழுத்தில் அச்சாகி இன்று நம் கைக்குக் கிடைக்கும் நூல்களில் காலத்தால் முந்தியது 'தம்பிரான் வணக்கம்'. 1578 அக்டோபர் 20 அன்று கொல்லத்தில் அச்சானது, பக்கங்கள் 16. கர்த்தர் கற்பித்த ஜெபம், மரியன்னையை நோக்கிய ஜெபம், விசுவாசப் பிரமாணம், பத்துக் கட்டளைகள் போன்றவைதான் உள்ளே. அதற்கும் 24 ஆண்டுகளுக்கு முன்பு, 1554இல், லிஸ்பன் நகரத்தில் ரோமன் எழுத்தில் தமிழை அச்சிட்டு வெளியிட்ட சிறுநூலும் இதே ஜெபங்களைச் சுமந்து வந்ததுதான். அச்சு வரலாற்றாசிரியர்கள் இந்த நூல்களின் எழுத்துருவையும் தாளையும் நுணுகி ஆராய்ந்திருக்கிறார்கள். எவருடைய வாயில் ஒலிப்பதற்காக இவை அச்சேறின என்ற கேள்வி அந்த அளவுக்குக் கவனம் பெறவில்லை. முத்துக்குளித்துறையில் கரை ஓரத்துக் குடிசையில் வாழ்ந்த குடும்பங்கள், பாதிரியார் ஊரில் இல்லாத நாளிலும் தாங்களே ஜெபிக்க வேண்டும் என்பதற்காகத்தான் அந்த உழைப்பு முழுவதும்.

அன்றாட ஜெபத்தின் வரலாற்றை ஆதித் திருச்சபையிலிருந்து வாசித்து வரும்போது, ஓர் ஓட்டம் திரும்பத் திரும்பத் தென்படுகிறது. அந்த ஜெபம் வீட்டில் பிறந்தது. காலப்போக்கில் அதைத் தேர்ந்தவர்களின் பொறுப்பில் விட்டுவிட்டு மற்றவர்கள் ஒதுங்கினார்கள். பிறகு யாரோ ஒருவர் அதை மீண்டும் வீட்டுக்குக் கொண்டுவந்து சேர்த்தார். அப்படிக் கொண்டுவந்து சேர்த்த காலங்களில்தான் விசுவாசம் புயலைத் தாங்கியது. இந்தக் கட்டுரை அந்த ஓட்டத்தைப் பற்றியது.

தொடக்கம் யூத வீடு. படுக்கும்போதும் எழும்போதும் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்க வேண்டும் என்பது உபாகமம் தரும் கட்டளை. அந்நிய தேசத்தில் அரச ஆணையையும் மீறி, எருசலேம் திசைப் பலகணியைத் திறந்துவைத்துத் தானியேல் மூன்று வேளை முழங்காற்படியிட்டதும் தன் வீட்டு மேலறையில்தான். பேதுரு பகல் பன்னிரண்டு மணிக்கு ஜெபிக்க ஏறியது யோப்பாவில் தோல் பதனிடும் சீமோன் என்பவரின் வீட்டு மாடி. முதல் நூற்றாண்டின் கடைசியிலோ அடுத்ததன் தொடக்கத்திலோ எழுதப்பட்ட 'டிடாக்கே' என்ற சிறு நூல், கர்த்தர் கற்பித்த ஜெபத்தை நாளுக்கு மூன்று முறை சொல்லும்படி விசுவாசிகள் எல்லாருக்கும் விதிக்கிறது. சொல்லப்போகிறவர் குருவா, குடியானவரா என்ற பிரிவு அந்த விதியில் இல்லை.

நான்காம் நூற்றாண்டில் கிறிஸ்தவம் அரசின் ஆதரவைப் பெற்றபின் பெரிய ஆலயங்கள் எழுந்தன; காலை மாலை வழிபாடுகள் அங்கே நிலைபெற்றன. இந்தக் காலத்தை ஆராய்ந்த பால் பிராட்ஷா (1981), ராபர்ட் டாஃப்ட் (1986) ஆகியோரின் நூல்கள் இரண்டு மரபுகளைப் பிரித்துக் காட்டுகின்றன. ஒன்று ஊர் மக்கள் கூடும் ஆலய மரபு. அதில் சங்கீதங்கள் கொஞ்சம்தான். காலையில் 63, மாலையில் 141 என்று நாள் தவறாமல் அதே சங்கீதம் வருவதால் எழுத்தறியாதவருக்கும் மனப்பாடமாகிவிடும். மற்றது துறவியர் மரபு. 150 சங்கீதங்களையும் வரிசை பிசகாமல் ஓதி முடிப்பது அதன் வழக்கம். ஆறாம் நூற்றாண்டில் பெனடிக்ட் எழுதிய ஒழுங்கு, ஒரு வாரத்துக்குள் 150 சங்கீதங்களும் முடிய வேண்டும் என்கிறது. அதே பெனடிக்ட், ஜெபம் சுருக்கமாகவும் தூய்மையாகவும் இருக்க வேண்டும் என்று தனி அதிகாரமே எழுதியிருக்கிறார். துறவு மடங்கள் இல்லாவிட்டால் மேற்கு நாடுகளில் இந்த ஜெப மரபு தொடர்ந்து வந்திருக்குமா என்பது சந்தேகம். அந்த நன்றியை மறக்கக் கூடாது. ஆனாலும், ஊரார் ஜெபம் மெல்ல மெல்ல மடத்தாரின் கடமையாக மாறியதும், அவர்கள் ஓதிய லத்தீன் மொழி மக்களுக்கு விளங்காமல் போனதும் உண்மை. மக்கள் அப்போதும் சும்மா இருக்கவில்லை. 150 சங்கீதங்களுக்கு ஈடாக 150 முறை அருள்நிறை மரியே சொல்லும் ஜெபமாலையை அவர்கள் பற்றிக்கொண்டார்கள். புத்தகம் வாங்க இயலாதவர்களின் சங்கீதப் புத்தகம் அது.

அந்த நான்காம் நூற்றாண்டிலேயே இந்த நகர்வை எதிர்த்து ஒலித்த குரலாக யோவான் கிறிசோஸ்தோமைச் சொல்லலாம். அப்போஸ்தலர் நடபடிகளைப் பற்றிய பிரசங்கம் ஒன்றில், இரவில் எழுந்து ஜெபிக்குமாறு கணவன் மனைவியரிடம் மன்றாடுகிறார். பிள்ளைகளையும் எழுப்புங்கள், உங்கள் வீடே சபையாகட்டும் என்ற கருத்தை அங்கே வலியுறுத்துகிறார். சந்தைக்கு நடக்கும்போதும் கடையில் உட்கார்ந்து தைக்கும்போதும் ஜெபிக்க முடியும் என்பது அவர் பல இடங்களில் சொன்ன செய்தி. துறவிகளை மிகவும் மதித்தவர், தாமே சில காலம் துறவியாக வாழ்ந்தவர் அவர். அப்படிப்பட்டவர் இதைச் சொன்னதால் அதன் எடை கூடுகிறது.

லூத்தர் செய்ததும் இதுவே. 1529இல் வெளிவந்த அவருடைய சிறிய ஞானோபதேசத்தின் பகுதிகள், குடும்பத் தலைவர் தம் வீட்டாருக்குச் சொல்லிக்கொடுக்க வேண்டியவை என்ற குறிப்போடு தொடங்குகின்றன. காலை ஜெபம், மாலை ஜெபம், சாப்பாட்டுக்கு முன்னும் பின்னும் சொல்ல வேண்டியவை எல்லாம் அதில் உண்டு. 1706இல் தரங்கம்பாடியில் வந்திறங்கிய சீகன்பால்க், தமிழில் பெயர்த்த நூல்களில் இந்த ஞானோபதேசமும் ஒன்று.

என்னை அதிகமாகப் பாதித்தது 1535இல் லூத்தர் எழுதிய மற்றொரு சிறுநூல். விட்டன்பர்க்கில் அவருக்கு முடி திருத்தி வந்த பீட்டர் என்பவர், எப்படி ஜெபிப்பது என்று கேட்டார். இறையியல் பேராசிரியர் அவருக்காக உட்கார்ந்து ஒரு நூலே எழுதினார். காலையில் முதல் வேலையாகவும் இரவில் கடைசி வேலையாகவும் ஜெபம் இருக்கட்டும்; இந்த வேலையை முடித்துவிட்டு வருகிறேன் என்ற எண்ணத்துக்கு இடம் கொடுத்தால் அன்றைய ஜெபம் போய்விடும் என்று எச்சரிக்கிறார். கட்டளை ஒவ்வொன்றையும் எடுத்து, அது தரும் போதனை என்ன, அதற்காக எதை நன்றியோடு நினைக்க வேண்டும், எதை அறிக்கையிட வேண்டும், எதைக் கேட்க வேண்டும் என்று நான்கு வகையாகத் தியானிக்கும் முறையையும் விளக்குகிறார். அதே 1535இல், ஈஸ்டர் காலத்தில், அந்த பீட்டர் ஒரு விருந்தில் தம் மருமகனைக் கத்தியால் குத்திக் கொன்றுவிட்டார். லூத்தரும் நண்பர்களும் பரிந்து பேசியதால் மரண தண்டனை தப்பி நாடு கடத்தப்பட்டார். ஜெபத்தின் வல்லமையைப் பற்றிப் பேசுகிறவர்கள் இந்த வரலாற்றை ஒதுக்கிவிட முடியாது. ஜெபிக்கத் தெரிந்துகொண்டவர் தவறமாட்டார் என்ற உறுதியை வேதமும் தரவில்லை. தவறியவரும் மறுநாள் காலையில் முழங்காற்படியிடலாம் என்பதே அது தரும் நம்பிக்கை. தினந்தோறும் ஜெபிக்க வேண்டியிருப்பதன் காரணமும் இதுதான் என்று நம்புகிறேன்.

வல்லமை என்ற சொல்லோடு அறிவியல் ஆய்வு ஒன்றையும் இங்கே பார்த்துவிடுவோம். இதய அறுவை சிகிச்சைக்குச் சென்ற 1,802 நோயாளிகளை வைத்து அமெரிக்காவில் ஹெர்பர்ட் பென்சன் குழுவினர் நடத்திய ஆய்வு 2006இல் வெளியானது. தமக்காக ஜெபிக்கப்படுமா என்று உறுதியாகத் தெரியாத இரு பிரிவினரில், ஜெபிக்கப்பட்டவர்களில் 52 விழுக்காட்டினருக்கும் ஜெபிக்கப்படாதவர்களில் 51 விழுக்காட்டினருக்கும் சிக்கல்கள் ஏற்பட்டன. ஜெபம் நடப்பது உறுதியாகத் தெரிந்திருந்தவர்களில் அது 59 விழுக்காடு. இந்த முடிவைக் கண்டு விசுவாசி பதற்றப்பட வேண்டியதில்லை. மறைக்க வேண்டியதும் இல்லை. முன்பின் அறியாத நோயாளியின் பெயரை மட்டும் வாங்கிக்கொண்டு ஜெபித்தவர்களின் ஜெபம் அங்கே அளக்கப்பட்டது. வேறு ஒருவர் ஜெபித்தால் எனக்குப் பலன் கிடைக்குமா என்ற கேள்விக்கு மேல் அந்த ஆய்வு போகவில்லை. நாள்தோறும் ஜெபிக்கிற மனிதர் என்னவாக மாறுகிறார் என்பதை அறிய வாழ்க்கை வரலாறுகளைத்தான் வாசிக்க வேண்டும்.

டீட்ரிக் போன்ஹோஃபரை எடுத்துக்கொள்வோம். 1935 முதல் 1937 வரை ஃபிங்கன்வால்டே என்ற இடத்தில், நாஜி அரசுக்குப் பணியாத சபைக்காக இளம் போதகர்களைப் பயிற்றுவித்தார். காலைதோறும் அரை மணி நேரம் மௌனத் தியானம். ஒரு வாரம் முழுவதும் ஒரே வேதப்பகுதி. மாணவர்கள் முணுமுணுத்தார்கள். வெளியிலிருந்தவர்கள், இது மடத்து வாசனை என்று குறை சொன்னார்கள். காவல்துறை அந்தக் கல்லூரியை மூடியது. மாணவர்கள் போர்முனைக்கு இழுத்துச் செல்லப்பட்டார்கள். அப்போதும் அந்தத் தியானத்தை விடாதீர்கள் என்று அவர்களுக்குச் சுற்றுக்கடிதம் எழுதிக்கொண்டே இருந்தார். 1943இல் சிறைப்பட்டபின் அவருக்குத் துணை நின்றவற்றில் ஒன்று, ஹெர்ன்ஹூட் மொரேவியச் சகோதரர்கள் 1731 முதல் ஆண்டுதோறும் அச்சிட்டு வரும் தினவசன நூல். அந்த ஆண்டுக் கிறிஸ்துமஸுக்குச் சக கைதிகள் சொல்வதற்காகக் காலை ஜெபமும் மாலை ஜெபமும் எழுதிக் கொடுத்தார். 1945 ஏப்ரல் 9 அன்று தூக்கிலிடப்பட்டார். விடுதலைக்கான ஜெபம் கேட்கப்படவில்லை என்று ஒருவர் சொல்லலாம். ஆனால் சாவுக்கு அருகில் இருந்த மனிதர் பக்கத்து அறைக் கைதிக்கு ஜெபம் எழுதிக் கொடுக்கும் நிலையில் இருந்தார். வல்லமை என்று நான் சொல்வது இதைத்தான்.

இனி நம் கடற்கரைக்கு வருவோம். முத்துக்குளித்துறைப் பரதவர்கள் 1530களின் நடுவில் ஞானஸ்நானம் பெற்றார்கள். கற்பிக்க ஆளில்லாததால் பல ஆண்டுகள் தாங்கள் கிறிஸ்தவர்கள் என்பதைத் தவிர வேறொன்றும் அறியாதிருந்தார்கள். 1542இல் அங்கே வந்த பிரான்சிஸ் சவேரியார், இரு மொழி தெரிந்தவர்களைக் கூட்டி மிகுந்த பாடுபட்டு ஜெபங்களைத் தமிழாக்கினார். பிறகு கையில் மணியோடு தெருவில் நடந்து சிறுவர்களையும் பெரியவர்களையும் அழைத்துச் சொல்லிக்கொடுத்தார். 1544 ஜனவரியில் அவர் எழுதிய கடிதத்தில் இவை எல்லாம் விரிவாக உள்ளன. பிள்ளைகள் வீட்டுக்குப் போய்த் தாய் தகப்பனுக்கும் அண்டை வீட்டாருக்கும் கற்பிக்க வேண்டும் என்பது அவர் வைத்த ஏற்பாடு. நோயாளிகள் அழைக்கும்போது தாம் போக முடியாவிட்டால் சிறுவர்களை அனுப்பி அந்த வீட்டில் ஜெபிக்கச் செய்தார். ஊரைவிட்டுக் கிளம்பும்போது ஜெபங்களின் எழுத்துப் பிரதியை விட்டுச் சென்று, நாள்தோறும் சொல்லும்படி ஏற்பாடு செய்தார். மறைபரப்பு வரலாற்றில் சவேரியார் கொடுத்த ஞானஸ்நானங்களின் எண்ணிக்கையைப் பெரிதாகப் பேசுவார்கள். என் கணிப்பில், தாய்க்கு ஜெபம் கற்பித்த அந்தச் சிறுவர்கள்தான் அந்தக் கரையில் நாலரை நூற்றாண்டுக்கும் மேலாக விசுவாசத்தை நிலைநிறுத்தினார்கள்.

இதற்குச் சான்று கடலுக்கு அந்தப் பக்கம் இருக்கிறது. 1658இல் யாழ்ப்பாணம் டச்சுக்காரர் வசமானதும் கத்தோலிக்கக் குருக்கள் வெளியேற்றப்பட்டார்கள்; வழிபாடு தடை செய்யப்பட்டது. ஏறத்தாழ முப்பது ஆண்டுகள் கழித்து, 1687இல், கோவாவைச் சேர்ந்த ஜோசப் வாஸ் பிச்சைக்காரர் கோலத்தில் யாழ்ப்பாணம் வந்து சேர்ந்தார். கழுத்தில் ஜெபமாலையை வெளியே தெரியும்படி போட்டுக்கொண்டு வீடு வீடாகப் போனார். அதைப் பார்த்து முகம் மாறுகிறவர்கள் யார் என்று கவனிப்பது அவர் வழி. பிறகு சில்லாலைக் கிராமம் அவருக்கு இடம் கொடுத்தது. ஒரு தலைமுறைக் காலம் பூசை இல்லை, பாவசங்கீர்த்தனம் இல்லை, கோயில் மணி இல்லை. வீட்டுக்குள் சொல்லி வந்த ஜெபம் மட்டும் இருந்தது. 2015இல் கொழும்பில் வாஸ் அடிகளாருக்குப் புனிதர் பட்டம் அளிக்கப்பட்டபோது, பெயர் தெரியாத அந்தச் சில்லாலைக் குடும்பங்களுக்கும் அந்த மதிப்பில் பங்கு உண்டு என்று நினைத்துக்கொண்டேன்.

பத்தொன்பதாம் நூற்றாண்டுத் திருநெல்வேலிச் சீர்திருத்த சபைகளில் உபதேசியார் மாலையில் மணியடித்து ஊரைக் கூட்டி ஜெபம் நடத்திய வழக்கமும், அதன் பக்கத்திலேயே வளர்ந்த குடும்ப ஜெபமும் தனியாக எழுதப்பட வேண்டியவை. இருபதாம் நூற்றாண்டு ஆசிரமங்களும் அப்படியே. 1921இல் தொடங்கிய திருப்பத்தூர்க் கிறிஸ்துகுல ஆசிரமம் திராவிடக் கோயில் வடிவில் தன் ஜெபாலயத்தைக் கட்டியது. 1950இல் குளித்தலை அருகே காவிரிக் கரையில் தொடங்கிய சாந்திவனத்தில் காலை ஜெபத்தில் சந்தனமும் நண்பகலில் குங்குமமும் மாலையில் விபூதியும் இட்டுக்கொள்கிறார்கள். சிலருக்கு இது உவப்பாக இல்லை. அந்த விவாதம் இங்கே வேண்டாம். மூன்று வேளையும் நிறுத்தி ஜெபிக்கும் பழைய ஒழுங்கை இந்த மண்ணில் அவர்கள் ஊன்றியதை நான் மதிக்கிறேன்.

இப்போது நம் வீடுகளைப் பார்க்கும்போது கவலையாக இருக்கிறது. இரவு எட்டு மணி வாக்கில் பாய் விரித்து, ஒரு கீர்த்தனை பாடி, பிள்ளைகள் முறை வைத்து வேதப்பகுதி வாசிக்க, பாட்டியோ அம்மாவோ ஜெபிக்க, எல்லாருமாகக் கர்த்தருடைய ஜெபத்தைச் சொல்லி முடித்த குடும்ப ஜெபம் குறைந்து வருகிறது. டியூஷன், இரவுப் பணி, வீட்டில் ஆளுக்கொரு கைபேசி என்று காரணங்கள் உண்மையானவைதான். அதைவிட ஆழமான காரணம், ஜெபத்தை மறுபடியும் பிறரிடம் ஒப்படைத்துவிட்டோம் என்பது. தொலைக்காட்சியில் ஊழியர் ஜெபிக்கிறார்; நாம் திரையைப் பார்த்து ஆமென் சொல்கிறோம். விண்ணப்பக் குறிப்பை எழுதி அனுப்பிவிட்டால் நம் பொறுப்பு முடிந்துவிட்டதாக எண்ணுகிறோம். எனக்காக ஜெபியுங்கள் என்று கேட்பது தவறே இல்லை. பவுலே சபைகளிடம் அப்படிக் கேட்டவர். எனக்குப் பதிலாக ஜெபியுங்கள் என்பது வேறு. அந்தப் பழக்கம் பிள்ளைகளுக்குச் சொற்கள் இல்லாமல் செய்துவிடுகிறது. துன்பம் வரும் இரவில் அவர்கள் ஒரு தொலைபேசி எண்ணைத்தான் தேடுவார்கள்.

சபைப் போதகர்களுக்கும் குருக்களுக்கும் ஒரு வேண்டுகோள். வீடு சந்திக்கப் போகும்போது நீங்களே ஜெபித்து முடித்துக் கிளம்பாதீர்கள். அந்த வீட்டில் உள்ள ஒருவரை, கூச்சப்படுகிறவராக இருந்தாலும், ஜெபிக்கச் சொல்லுங்கள். பிழையாகச் சொன்னாலும் பொறுத்திருங்கள். பெற்றோருக்குச் சொல்ல விரும்புவது இன்னும் எளிது: இன்று இரவு ஒரு சங்கீதத்தைப் பிள்ளையை வாசிக்கச் சொல்லுங்கள், சேர்ந்து கர்த்தருடைய ஜெபத்தைச் சொல்லுங்கள். பத்து நிமிடம் போதும். நாளைக்கும் அதையே செய்யுங்கள்.