ஆளைப் பார்த்தாலே தெரியுமா?

"இத்தனை வருஷ அனுபவம், ஆள் உள்ளே வந்து உட்கார்ந்தாலே தெரிந்துவிடும்." நேர்காணல் அறைகளில் அடிக்கடி கேட்கும் பேச்சு இது. இந்த நம்பிக்கையின் பலவீனத்தை, 1950-களின் நடுவில் இஸ்ரேல் ராணுவத்தில் உளவியல் பணியில் இருந்த டேனியல் கானமன் அருகிலிருந்தே பார்த்தார்.

அதிகாரிப் பயிற்சிக்கான தேர்வில் எட்டுப் பேரிடம் ஒரு நீண்ட மரத்தடியைக் கொடுப்பார்கள். தடியோடு எல்லோரும் ஆறடிச் சுவரைத் தாண்ட வேண்டும். தடி தரையிலோ சுவரிலோ பட்டால் மறுபடி முதலிலிருந்து. யார் தலைமை ஏற்கிறான், யார் முரண்டு பிடிக்கிறான், யார் சோர்ந்து ஒதுங்குகிறான் என்பதெல்லாம் பட்டவர்த்தனமாகத் தெரிவதுபோல் இருக்கும். ஆனால் பயிற்சிப் பள்ளியிலிருந்து வந்த மதிப்பீடுகளோடு ஒப்பிட்டபோது, கணிப்புகள் குருட்டாம்போக்கில் சொல்வதைவிடச் சற்றே மேல், அவ்வளவுதான். இது தெரிந்த பிறகும் அடுத்த குழு வந்து நின்றபோது அதே உறுதியோடு மதிப்பெண் போட்டார்கள், கானமன் உட்பட.

1955-இல், படையில் சேருபவர்களை நேர்காணும் முறையைத் திருத்தும் வேலை அவரிடம் வந்தது. கால் மணி நேரம் பேசிவிட்டு ஒட்டுமொத்தமாக அபிப்பிராயம் சொல்லும் வழக்கத்தை நிறுத்தினார். பொறுப்புணர்வு, பழகும் தன்மை என்று ஆறு பண்புகள். ஒவ்வொன்றுக்கும் தனிக் கேள்விகள், தனி மதிப்பெண். எங்களை இயந்திரமாக்குகிறீர்களே என்று நேர்காண்பவர்கள் கொதித்தார்கள். அவர்களைச் சமாதானப்படுத்த ஒரு சலுகை கொடுத்தார்: ஆறும் முடிந்த பிறகு கண்ணை மூடி, இவன் எப்படிப்பட்ட போர்வீரனாவான் என்று நினைத்துப் பார்த்து ஒரு மதிப்பெண் போடலாம். சில மாதங்கள் கழித்துப் பார்த்தால், அந்த மதிப்பெண்ணும் ஆறின் கூட்டுத்தொகைக்கு இணையாகப் பலித்திருந்தது!

உள்ளுணர்வை மட்டம்தட்ட இந்தக் கதையை இழுப்பவர்கள் அந்தச் சலுகையைச் சௌகரியமாக விட்டுவிடுகிறார்கள். விவரம் சேருமுன் வந்த அபிப்பிராயம் உதவவில்லை. சேர்ந்த பின் வந்தது உதவியது.

உள்ளுணர்வின் பக்கம் நின்றவர் உளவியலாளர் கேரி க்ளைன். அவர் பதிவு செய்த அமெரிக்கத் தீயணைப்பு அதிகாரி, சமையலறைத் தீயில் தண்ணீர் அடித்தும் அடங்காததையும், கூடத்தில் சூடு அதிகமாகவும் சத்தம் குறைவாகவும் இருப்பதையும் கண்டு எல்லோரையும் வெளியேற்றினார். சற்று நேரத்தில் தரை இடிந்தது. தீ கீழ்த்தளத்தில் இருந்திருக்கிறது. தனக்கு ஏதோ அமானுஷ்ய சக்தி என்றே அவர் நினைத்திருந்தார். 2009-இல் க்ளைனும் கானமனும் சேர்ந்து எழுதிய கட்டுரையில் இருவருக்கும் பொதுவான இடம் கிடைத்தது: ஒழுங்குள்ள களம் வேண்டும், செய்தது சரியா தவறா என்று திரும்பத் திரும்பத் தெரிய வேண்டும்.

தீயணைப்பவருக்கு விடை அங்கேயே கிடைத்துவிடுகிறது. நேர்காண்பவரோ நிராகரித்தவரை மறுபடி பார்ப்பதே இல்லை. அவருடைய இருபது வருஷம் பெரும்பாலும் திருத்தப்படாத விடைத்தாள். (பெண் பார்க்கப் போய் ஒரு காபி நேரத்தில் குணம் சொல்லும் பெரியவர்களையும் இதில் சேர்க்கலாம்.)

மதிப்பெண் தாளும் குறையற்றது அல்ல. எந்த ஆறு பண்புகள் என்று முடிவு செய்ததும் ஒரு மனிதர்தான். அந்த மனிதரான கானமனும் தவறிலிருந்து தப்பவில்லை. சிறு மாதிரிகளை நம்பாதீர்கள் என்று 1971-இல் சக உளவியலாளர் ஏமாஸ் ட்வெர்ஸ்கியோடு எழுதியவர், 2011-இல் வெளிவந்த தன் புத்தகத்தில் அப்படிப்பட்ட ஆய்வுகளை நம்பியே ஓர் அத்தியாயம் எழுதினார். 2017-இல் அதை ஒப்புக்கொண்டார். அவருக்கே இந்தக் கதி என்றால், கேள்விகளையும் தாளையும் பழையபடி வைத்துக்கொண்டு, மனச்சாய்வு பற்றி ஒருநாள் வகுப்பு நடத்தியதும் தேர்வுக் குழு திருந்திவிடும் என்று நிர்வாகங்கள் எதிர்பார்ப்பதற்கு எனக்கு ஆதாரம் தெரியவில்லை.