ஒரு விழாவின் தோல்வி: 'ஸ்ரார் வோர்ஸ்' தொலைக்காட்சி நிகழ்ச்சி பற்றிய ஒரு நோக்கு

திறனாய்வு பெரிதும் வெற்றிபெற்ற படைப்புக்களையே நாடுகின்றது. தோல்வியுற்றவை நகைப்புக்குரியனவாக ஒதுக்கப்படுகின்றன. ஆயின், தேர்ச்சிமிக்க படைப்பொன்று மறைத்துவிடும் சாதன இயல்பினைத் தேர்ச்சியற்ற படைப்பு அப்பட்டமாகக் காட்டிவிடுவதுண்டு. 1978 நவம்பர் 17ஆந் திகதி அமெரிக்காவின் சீ.பி.எஸ். தொலைக்காட்சியில் இரண்டு மணிநேர நிகழ்ச்சியாக ஒளிபரப்பான 'ஸ்ரார் வோர்ஸ் ஹொலிடே ஸ்பெஷல்' அத்தகையது. சீ.பி.எஸ். அதனை மீண்டும் ஒளிபரப்பவில்லை. முழுமையாக அது முறைப்படி விற்பனைக்கும் வரவில்லை. வீடுகளிற் பதிவுசெய்யப்பட்ட வீடியோ நாடாக்களின் பிரதிகளே அதனை வாழவைத்தன. தொலைக்காட்சி வரலாற்றின் மிக மோசமான நிகழ்ச்சிகளுள் ஒன்று என்னும் தீர்ப்பினை மறுப்பது எமது நோக்கமன்று. அது ஏன் மோசமாயிற்று என்பதே இங்கு வினா.

கலைஞர்களின் திறமையின்மையே காரணம் என்பது பொருந்தாது. முதல் நெறியாளர் இடைநடுவில் விலகியபின் பொறுப்பேற்ற ஸ்ரீவ் பைண்டர், 1968இல் எல்விஸ் பிரெஸ்லியின் புகழ்பெற்ற தொலைக்காட்சி நிகழ்ச்சியை நெறிப்படுத்தியவர். ஆர்ட் கார்னி, ஹார்வி கோர்மன், பீ ஆர்தர் ஆகியோர் நகைச்சுவை நடிப்பில் முதிர்ந்தவர்கள். முதற் படத்தின் பிரதான நடிகர்களும் தோன்றினர். எனவே தனிமனிதர் குறைபாட்டினை விடுத்து, படைப்பினைத் தோற்றுவித்த தேவையினையும் அதற்கு வாய்த்த வடிவத்தினையும் நோக்குதல் வேண்டும்.

ஜோர்ஜ் லூக்காசின் முதற் படம் 1977 மே மாதத்தில் வெளிவந்தது. அடுத்த படம் 1980இலேயே வந்தது. இடைப்பட்ட காலத்தில் மக்களின் ஆர்வத்தைத் தணியவிடாது காத்தல் வணிகத் தேவையாயிற்று. நத்தார்க் காலத்தில் விற்பனைக்கு வந்த விளையாட்டுப் பொருட்களும் அத்தேவையின் ஒரு கூறே. அதற்குக் கிடைத்த வடிவம், பாடல், நகைச்சுவைத் துணுக்கு, வித்தைக் காட்சி ஆகியவற்றை அடுக்கிச் செல்லும் பல்சுவை நிகழ்ச்சி. எவ்விடத்தும் அறுத்து விளம்பரத்தைச் செருகத்தக்க வடிவம் அது.

வடிவத்தின் வறுமை இதுவாக, உள்ளடக்கம் அற்பமானதன்று. வூக்கி இனத்தவரின் கிரகம் பேரரசின் முற்றுகைக்குள் இருக்கின்றது. 'வாழ்வு நாள்' என்னும் விழாவுக்கு வீடு திரும்பவேண்டிய சூபாக்காவை மனைவியும் தந்தையும் சிறுவனான மகனும் காத்திருக்கின்றனர். படையினர் வீட்டினுட் புகுந்து சோதனை இடுகின்றனர். சிறுவனின் அறை குலைக்கப்படுகின்றது. அவனது விளையாட்டு விலங்கின் தலை பிடுங்கி எறியப்படுகின்றது. விண்கலங்களின் போரினைக் காட்டிய முதற் படத்தில் இடம்பெறாத ஒன்று இங்குண்டு: ஆதிக்கம் ஒரு வீட்டின் கூடத்தில் எவ்வாறு அனுபவிக்கப்படுகின்றது என்பது. உண்மையான நாடகத்துக்குரிய கரு இது.

இக்கருவினைப் பல்சுவை வடிவம் எவ்வாறு விழுங்குகின்றது என்பது மனங்கொள்ளத்தக்கது. இங்கு எல்லோரும் ஏதேனும் ஒரு திரையினைப் பார்த்துக்கொண்டேயிருக்கின்றனர். தாய் சமையல் நிகழ்ச்சியைப் பார்க்கின்றாள். முதியவர் கனவுக் கருவியொன்றில் பாடகியைப் பார்க்கின்றார். சோதனையிட வந்த படைத்தலைவன் ஜெபர்சன் ஸ்ரார்ஷிப் குழுவின் இசையில் ஆழ்கின்றான். அறை குலைக்கப்படும்போது சிறுவன் கார்ட்டூன் படம் பார்க்கின்றான். ஒடுக்குவோரும் ஒடுக்கப்படுவோரும் திரையின்முன் ஒருசேர அமைதியடைகின்றனர். அச்சம் முளைவிடும் ஒவ்வொரு முறையும் ஒரு வேடிக்கை குறுக்கிடுகின்றது. தொலைக்காட்சி தன்னையறியாமலே வரைந்த தன் உருவப்படம் இது எனலாம்.

இவ்வமைதியினைக் குலைக்கும் கணமும் ஒன்றுண்டு. சிறுவன் இரகசியமாக ஒரு கருவியைப் பொருத்தி, பேரரசின் கட்டளைக் குரலைப் போலி செய்து, படையினரைத் திரும்பிப்போகப் பணிக்கின்றான். பார்வையாளனாக மட்டும் இருத்தப்பட்டவன் சாதனத்தைக் கைப்பற்றுகின்றான். ஆனால் அக்கருவியைப் பொருத்தும் முறையினை விளக்கும் காட்சியோ, பழுதடைந்த இயந்திர மனிதனாகக் கோர்மன் நடிக்கும் நீண்டதொரு கோமாளிக் கூத்தாகிவிடுகின்றது. எதிர்ப்பின் தருணமும் இன்னொரு துணுக்காகத் தேய்கின்றது.

எனினும், முழுவதையும் ஒரே தட்டில் வைத்தல் நேர்மையன்று. பேரரசு ஊரடங்கை அறிவித்தபோது, மதுச்சாலையை மூடவேண்டிய பீ ஆர்தர் தம் வாடிக்கையாளரைப் பாடி வழியனுப்புகின்றார். அப்பாடல் கதையினின்றே பிறக்கின்றது, ஆதலின் நிற்கின்றது. ரொறன்ரோவின் நெல்வானா நிறுவனத்தார் ஆக்கிய கார்ட்டூன் பகுதியும் தனக்குரிய வடிவ ஒழுங்கினைக் கொண்டது. போபா ஃபெற் என்னும் பாத்திரத்தைத் திரைக்கு அறிமுகப்படுத்தியதும் அதுவே.

முடிவிற்றான் வறுமை முழுமையாகத் தெரிகின்றது. சிறுவனைத் துரத்திய படைவீரன் உயரத்திலிருந்து வீழ்ந்து இறக்கின்றான். சற்றுநேரத்தில் செவ்வாடை அணிந்த வூக்கிகள் விழாவுக்குச் செல்கின்றனர். இளவரசி லேயா பாடுகின்றாள். விழா என்பது ஒரு சமூகத்தின் உழைப்பிலும் நினைவிலும் வேர்கொள்வது. 'வாழ்வு நாள்' எதனை நினைவுகூர்கின்றது? பொதுவான நல்லெண்ண வார்த்தைகளுக்கு அப்பால் விடையில்லை. சூபாக்காவின் நினைவாகக் காட்டப்படுவனவும் முதற் படத்தின் காட்சித் துண்டுகளே. சமூக நினைவின் இடத்தை விற்பனைப் பொருளின் நினைவு பிடித்துக்கொள்கின்றது.

பின்னாளில் நடந்தவை இதனை உறுதிசெய்கின்றன. 2020இல் 'வாழ்வு நாள்' லெகோ பொம்மைகளைக் கொண்ட புதிய நிகழ்ச்சியாயிற்று. 2021இல் கார்ட்டூன் பகுதி மட்டும் டிஸ்னியின் இணையச் சேவையில் இடம்பெற்றது. விற்கத்தக்கவை பிரித்தெடுக்கப்பட்டன, சோதனையிடப்பட்ட வீடு மறதிக்குள் விடப்பட்டது. இந்நிகழ்ச்சியின் குறை அது மோசமாக இருந்ததன்று. உடைக்கப்பட்ட விளையாட்டுப் பொருளைக் கையிலேந்தி நின்ற ஒரு சிறுவனைக் கண்டும், அவனை நிலைத்து நோக்க அதற்கு நேரம் இருக்கவில்லை என்பதே.