பொது நிதியும் மிஷனரி ஊழியமும்: சதர்ன் பாப்டிஸ்ட் சபைகளின் நூறாண்டு அனுபவம்

அமெரிக்காவின் மிகப்பெரிய புரொட்டஸ்டண்ட் திருச்சபைப் பிரிவான சதர்ன் பாப்டிஸ்ட் கன்வென்ஷன் தன் மிஷனரிகளைப் பொது நிதி ஒன்றின் வழியே தாங்கி வருகிறது. ‘கூட்டுறவுத் திட்டம்’ எனப்படும் இந்த ஏற்பாட்டை 1925-இல் மெம்ஃபிஸ் நகரில் கூடிய ஆண்டுக் கூட்டம் ஏற்றுக்கொண்டது. உள்ளூர்ச் சபை ஒவ்வொன்றும் தனக்கு வரும் காணிக்கையில் எத்தனை விழுக்காட்டை இதற்குக் கொடுப்பது என்று தானே முடிவு செய்கிறது. தொகை முதலில் மாநில கன்வென்ஷனுக்குப் போகிறது. மாநிலம் தன் பணிகளுக்கென ஒரு பங்கை எடுத்துக்கொண்டு மீதியை நாஷ்வில் நகரிலுள்ள தலைமையகத்துக்கு அனுப்புகிறது. அங்கு வந்து சேர்வதில், அண்மைக்கால வரவுசெலவுத் திட்டங்களின்படி, பாதிக்குச் சற்று மேல் வெளிநாட்டு மிஷன் வாரியத்துக்குப் போகிறது. உள்நாட்டு வாரியமும் ஆறு இறையியல் கல்லூரிகளும் எஞ்சியதில் பெரும்பகுதியைப் பெறுகின்றன.

இந்தத் திருச்சபைப் பிரிவு பிறந்ததே மிஷனரி நியமனம் பற்றிய சண்டையில்தான். அடிமைகளை உடைமையாக வைத்திருக்கும் ஒருவரை மிஷனரியாக நியமிக்கலாமா என்ற கேள்வியில் வடக்கு, தெற்கு பாப்டிஸ்டுகள் பிரிந்தனர். 1845-இல் ஜார்ஜியா மாநிலத்தின் அகஸ்டா நகரில் தெற்கத்தியர் தனிக் கன்வென்ஷன் அமைத்து, அதே ஆண்டில் வெளிநாட்டு வாரியத்தையும் உள்நாட்டு வாரியத்தையும் நிறுவினர். அந்தத் தொடக்கக் கால மிஷன் பணத்தில் அடிமை உழைப்பின் பயனும் கலந்திருந்தது. அடிமைமுறையிலும் இனவாதத்திலும் தனக்கிருந்த பங்குக்காகக் கன்வென்ஷன் வெளிப்படையாக மன்னிப்புக் கேட்டது 1995-இல். நூற்றைம்பது ஆண்டுத் தாமதத்தை எந்த விளக்கத்தாலும் நியாயப்படுத்த முடியாது.

1925-க்கு முன் ஒவ்வொரு வாரியமும் ஒவ்வொரு கல்லூரியும் தன் முகவரைச் சபைகளுக்கு அனுப்பிப் பணம் திரட்டின. பேச்சுத் திறன் உள்ள முகவர் வந்த ஞாயிற்றுக்கிழமை காணிக்கைத் தட்டு நிரம்பியது; அடுத்து வந்தவருக்கு மிச்சம் கிடைத்தது. முகவர்களின் பயணத்துக்கும் சம்பளத்துக்குமே திரட்டிய பணத்தில் ஒரு பகுதி கரைந்தது. இதற்கு மாற்றாக 1919-இல் ஐந்தாண்டில் 7.5 கோடி டாலர் திரட்டும் பெரும் இயக்கம் தொடங்கியது. சபைகள் 9.2 கோடிக்கு மேல் தருவதாக வாக்குக் கொடுத்தன. வாக்கை நம்பி வாரியங்கள் செலவை விரித்தன. ஆனால் முதல் உலகப் போருக்குப் பின் பருத்தி விலை வீழ்ந்தது, தெற்கத்திய விவசாயி கையில் பணமில்லை, வந்து சேர்ந்தது 5.9 கோடிக்கும் குறைவு. வாரியங்கள் கடனில் மூழ்கின. ஒரே முறை பெருமுயற்சி செய்வதற்குப் பதிலாக ஆண்டு முழுவதும் சீராகக் கொடுக்கும் முறை வேண்டும் என்ற பாடத்திலிருந்தே கூட்டுறவுத் திட்டம் உருவானது.

இத்திட்டத்தின் முதன்மையான பலம் மிஷனரிக்கே சேர்கிறது. வாரியம் நியமிக்கும் முழுநேர மிஷனரிக்குச் சம்பளம், வீடு, மருத்துவம், பிள்ளைகளின் படிப்பு, ஓய்வூதியம் எல்லாம் வாரியத்தின் பொது நிதியிலிருந்து கிடைக்கின்றன. அசெம்பிளீஸ் ஆஃப் காட் போன்ற பிரிவுகளில் மிஷனரியே சபை சபையாகப் போய்த் தனக்கான ஆதரவாளர்களைத் திரட்ட வேண்டும். புறப்படுவதற்கு முன் பல மாதங்கள் இதிலேயே கழிகின்றன; விடுப்பில் ஊர் திரும்பினாலும் இதே வேலைதான். அம்முறையில் வசதியான உறவும் நட்பும் உள்ளவர் விரைவில் போய்ச் சேர்கிறார். ஏழைக் குடும்பத்திலிருந்தும் சிறுபான்மை இனத்திலிருந்தும் வருபவர் திறமை இருந்தும் பின்தங்குகிறார். பொது நிதி இந்த அநீதியைப் பெருமளவு நீக்குகிறது. கொடுப்பவர் பக்கத்திலும் ஒரு நன்மை உண்டு. ஒரு மிஷனரியைத் தனியே தாங்க முடியாத சிற்றூர்ச் சபைகூட நூற்றுக்கணக்கான மிஷனரிகளின் பணியில் பங்கு பெறுகிறது. மொழியை ஆழமாகக் கற்று நீண்ட காலம் ஓரிடத்தில் தங்க வேண்டிய ஊழியத்துக்கு இந்த நிலையான ஆதரவு இன்றியமையாதது. இந்த ஒரு காரணத்துக்காகவே, பிற குறைகள் எல்லாவற்றையும் கணக்கில் எடுத்தபின்னும், பொது நிதி முறை தனிநபர் ஆதரவு முறையைவிட மேலானது என்று சொல்லலாம்.

ஆயினும் முகமற்ற நிதிக்கு மக்கள் மனம் எவ்வளவு திறக்கும் என்பது வேறு கேள்வி. வெளிநாட்டு வாரியத்தின் வருமானத்தில் இன்று பாதிக்கு மேல் தருவது கூட்டுறவுத் திட்டம் அன்று. லாட்டி மூன் கிறிஸ்துமஸ் காணிக்கை என்ற தனிக் காணிக்கையே அதைத் தருகிறது. வர்ஜீனியாவில் 1840-இல் பிறந்த லாட்டி மூன் 1873-இல் சீனாவின் ஷாண்டோங் பகுதிக்குப் போனார். கிறிஸ்துமஸை ஒட்டி ஒரு வாரம் ஜெபித்து மிஷன் காணிக்கை கொடுக்குமாறு 1887-இல் அவர் எழுதிய வேண்டுகோளை ஏற்று, 1888-இல் தொடங்கப்பட்ட பெண்கள் மிஷனரி சங்கம் முதல் ஆண்டிலேயே 3,315 டாலர் திரட்டியது. 2,000 டாலரே அவர்கள் வைத்த இலக்கு. சீனாவில் பஞ்சம் நிலவிய காலத்தில் உடல் மெலிந்து, தாயகம் திரும்பும் வழியில் 1912 டிசம்பர் 24 அன்று ஜப்பானின் கோபே துறைமுகத்தில் கப்பலிலேயே அவர் இறந்தார். சீனருக்காகப் பட்டினி கிடந்தே உயிர்நீத்தார் என்ற கதை சபைகளில் ஆழமாக வேரூன்றியது. அதன் சில பகுதிகள் பிற்காலத்தில் கட்டப்பட்டவை என்று வரலாற்றாய்வாளர் ரெஜினா சல்லிவன் 2011-இல் வெளியான நூலில் வாதிட்டார். 2021–22-இல் இந்தக் காணிக்கை 20 கோடி டாலரைத் தாண்டியது. திட்டமும் விழுக்காடும் செய்யாததை ஒரு பெண்ணின் வாழ்க்கை வரலாறு செய்கிறது. மக்கள் மனிதருக்குக் கொடுக்கிறார்கள் என்பதைக் கூட்டுறவுத் திட்டத்தை வகுத்தவர்கள் குறைத்தே மதிப்பிட்டனர்.

இங்கே மறைக்க முடியாத முரண்பாடு ஒன்றும் உள்ளது. 1885 முதல் 1918 வரை பெண்கள் கன்வென்ஷனின் ஆண்டுக் கூட்டத்தில் பிரதிநிதிகளாக அமர முடியவில்லை. அவர்கள் திரட்டிய பணத்தை எப்படிச் செலவிடுவது என்று ஆண்களே முடிவு செய்தனர். மூன் தாமே சீன மிஷன் கூட்டங்களில் பெண்களுக்குச் சம உரிமை கேட்டவர். 2000-ஆம் ஆண்டின் விசுவாச அறிக்கை போதகர் பதவியை ஆண்களுக்கு மட்டும் என்று வரையறுத்தது. மிஷன் நிதியின் முதுகெலும்பாகப் பெண்களின் உழைப்பை ஏற்கும் அமைப்பு, அதிகாரத்தில் அவர்களுக்கு இடம் தராதது நீதியன்று.

பொது நிதி பெரிதாகும்போது அதைக் காப்பவர் மீதான கண்காணிப்பும் பெரிதாக வேண்டும். 1928-இல் உள்நாட்டு வாரியத்தின் பொருளாளர் கிளின்டன் கார்ன்ஸ் 9 லட்சம் டாலருக்கு மேல் கையாடியது வெளிவந்தது. முன்பே சிறை சென்றவர் என்பதை நியமித்தவர்கள் விசாரித்திருக்கவில்லை. அடுத்து வந்த பெருமந்தத்தோடு சேர்ந்து இந்த இழப்பும் முந்தைய கடனும் வாரியங்களை அழுத்தின. 1943-இல்தான் கன்வென்ஷன் கடனிலிருந்து முழுவதும் மீண்டது. 2015-இல் நிகழ்ந்தது கையாடல் அன்று, தவறான மதிப்பீடு. வருமானத்தைவிட 2010 முதல் 21 கோடி டாலர் கூடுதலாகச் செலவிட்டுவிட்டதாகவும், சேமிப்பையும் சொத்து விற்பனையையும் கொண்டு அதை ஈடுகட்டியதாகவும் வெளிநாட்டு வாரியம் அறிவித்தது. முன்கூட்டிய ஓய்வு உள்ளிட்ட வழிகளில் 983 மிஷனரிகள் விலகினர். முதலில் ஓய்வு வாய்ப்புத் தரப்பட்டது 50 வயதை எட்டிய, ஐந்தாண்டோ அதற்கு மேலோ பணியாற்றியவர்களுக்கு. இளையவரை வேலைக்கு எடுப்பது எளிது. இருபது ஆண்டில் கற்ற மொழியும் சம்பாதித்த நட்பும் அவ்வளவு எளிதில் திரும்பி வருவதில்லை. வாரியத்தின் ஒரே பிழை ஏறத்தாழ ஆயிரம் மிஷனரிகளைப் பாதித்தது என்றால், அது மையப்படுத்திய முறைக்கே உரிய ஆபத்து.

இதைவிட நுட்பமானது பணப்பையின் வழியே கோட்பாட்டைக் கட்டுப்படுத்தும் அதிகாரம். 1979-இல் கன்வென்ஷனின் தலைமையைப் பழைமைவாதிகள் கைப்பற்றத் தொடங்கினர். 1991-இல் வெளிநாட்டு வாரியத்தின் அறங்காவலர்கள் சுவிட்சர்லாந்தின் ரூஷ்லிகோன் பாப்டிஸ்ட் இறையியல் கல்லூரிக்குத் தருவதாக ஒப்புக்கொண்டிருந்த நிதியை, அங்கு நிலவிய தாராளவாதப் போக்கைக் காரணம் காட்டி நிறுத்தினர். ஐரோப்பிய பாப்டிஸ்டுகளுக்குக் கொடுத்த வாக்கு முறிந்தது. வாரியத் தலைவர் கீத் பார்க்ஸ் அடுத்த ஆண்டு விலகினார். பின்னர் 2002-இல் புதிய விசுவாச அறிக்கையை ஏற்பதாக உறுதியளிக்கும்படி மிஷனரிகள் கேட்கப்பட்டனர்; மறுத்த 13 பேர் 2003-இல் நீக்கப்பட்டனர், வேறு பலர் தாமாக விலகினர். தன் கோட்பாட்டுக்கு உடன்படாதவரை அனுப்ப மாட்டோம் என்று சொல்லும் உரிமை எந்தத் திருச்சபைக்கும் உண்டு. ஆனால் வேறோர் உடன்பாட்டின் கீழ் போனவர்களிடம், பல ஆண்டு உழைத்தபின், சம்பளத்தைப் பணயம் வைத்துப் புதிய உறுதிமொழி கேட்பது அந்த உரிமைக்குள் அடங்குமா என்பது ஐயத்துக்குரியது. தனிநபர் ஆதரவு முறையில் தாங்கப்பட்டவராயின் அவர்களுக்குத் தங்கள் சபைகளிடம் நேரே முறையிடும் வழியாவது இருந்திருக்கும்.

கொடுக்கும் சபைகளின் நம்பிக்கை தேய்ந்து வருவதை எண்களே காட்டுகின்றன. 1980-களில் சபைகள் சராசரியாகத் தம் காணிக்கையில் 10 விழுக்காட்டுக்கு மேல் கூட்டுறவுத் திட்டத்துக்குக் கொடுத்தன. இப்போது அது 5 விழுக்காட்டுக்கும் கீழ். இடைநிலைச் செலவும் இதில் ஒரு காரணம். 2010-ஐ ஒட்டிய ஆண்டுகளில் மாநில கன்வென்ஷன்கள் சராசரியாக 60 விழுக்காட்டுக்கு மேல் தம்மிடமே வைத்துக்கொண்டன. அக்கணக்கில் சபை கொடுத்த 100 டாலரில் கடல் கடந்து போனது ஏறக்குறைய 20. மாநிலங்கள் அதைக் கொண்டு ஆதரவற்ற குழந்தைகள் இல்லங்கள், கல்லூரிகள், பேரிடர் நிவாரணம் ஆகியவற்றை நடத்துகின்றன. அவை வீண் செலவுகள் அல்ல. ஆயினும் வெளிநாட்டு மிஷனை முன்னிறுத்திக் கேட்கப்படும் காணிக்கை எங்கே போகிறது என்று கொடுப்பவர் கேட்பது இயல்பு. பாலியல் கொடுமைப் புகார்களைக் கன்வென்ஷனின் நிர்வாகக் குழு கையாண்ட விதம் பற்றிய சுதந்திர விசாரணை அறிக்கை 2022-இல் வெளிவந்தது. அதன்பின் விசாரணைக்கும் வழக்குக்கும் ஆன செலவு இந்தக் கேள்வியைக் கூர்மையாக்கியது. மத அமைப்புகளுக்கு அமெரிக்கச் சட்டம் தரும் விலக்கினால், பிற தொண்டு நிறுவனங்கள் வெளியிட வேண்டிய உயர் அதிகாரிகளின் சம்பள விவரங்களை இவை வெளியிடத் தேவையில்லை. சட்டம் கேட்காவிட்டாலும், ஏழைகளின் காணிக்கையில் இயங்கும் வாரியங்கள் அவற்றைத் தாமே வெளியிடுவது கடமை.

ஊழியத்தைப் பெறும் நாட்டுச் சபைகளுக்கு இந்த விவாதங்கள் எதிலும் இடமில்லை. எந்த நாட்டில் மிஷனரி இருப்பார், எந்த நிறுவனம் தொடரும் என்பதெல்லாம் அமெரிக்காவில் முடிவாகின்றன. 1990-களின் இறுதியில் வாரியம், நற்செய்தி எட்டாத இனக்குழுக்களுக்கு முன்னுரிமை தருவது என்று திசை மாறியபோது, பல நாடுகளில் பழைய நிறுவனங்களுக்கான ஆதரவு சுருங்கியது. சிறப்பாகக் கையளிக்கப்பட்டவையும் உண்டு. சதர்ன் பாப்டிஸ்டுகள் 1973-இல் தொடங்கிய பெங்களூரு பாப்டிஸ்ட் மருத்துவமனையின் நிர்வாகத்தை 1989-இல் வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரி ஏற்றது. மருத்துவரும் செவிலியரும் நிர்வாகிகளும் இந்தியரிடையே ஏற்கெனவே உருவாகியிருந்ததால் மாற்றம் நிலைத்தது. மருத்துவமனை இன்றும் இயங்குகிறது. பொறுப்பேற்க உள்ளூரில் ஆட்களைத் தயார் செய்யாத இடங்களில் நிதி நின்றதும் பணியும் தளர்ந்தது. ஆகவே மிஷனரியின் சம்பளத்தைத் திட்டமிடும்போதே, அவர் போனபின் யார் தொடர்வார், அவர்களின் பயிற்சிக்கு எவ்வளவு செலவாகும் என்பதும் அதே வரவுசெலவுத் திட்டத்தில் இடம்பெற வேண்டும்.