பீரமும் உகாயும்

சங்க இலக்கியத்தை மாணவர்க்கு அறிமுகம் செய்யும்போது முதலில் கையில் கொடுக்கப்படுவது கருப்பொருள் அட்டவணை. குறிஞ்சிக்கு இன்ன மரம், பாலைக்கு இன்ன மரம் என ஐந்து கட்டங்கள். அவற்றைத் தவறின்றி ஒப்புவித்தவர் ஐந்திணை கற்றவர் ஆகிவிடுகிறார். தொல்காப்பியர் இப்படி ஓர் அட்டவணை தரவில்லை என்பதைப் பலர் நினைப்பதில்லை. தெய்வம், உணவு, விலங்கு, மரம், பறவை, பறை, தொழில், யாழ் என வகைகளைக் கூறி நிறுத்திக்கொண்டவர் அவர். நிலந்தோறும் மரப்பெயர்களை வரிசையாக வைத்தவர் 13ஆம் நூற்றாண்டளவில் அகப்பொருள் விளக்கம் செய்த நாற்கவிராச நம்பி. பாலைக்கு அவர் தரும் மரங்கள் உழிஞை, பாலை, ஓமை, இருப்பை என்பன.

இவ்வரிசையில் உகாய் இல்லை. முல்லைக்குரிய பூக்களின் வரிசையில் பீர்க்கம்பூவும் இல்லை. ஆயினும் தொகைநூல்களில் இவ்விரண்டும் வரும் இடங்களை ஒருங்கு வைத்து நோக்கின், அட்டவணை சொல்லாத ஒன்று புலனாகும். வேலியில் படரும் அந்தக் காய்கறிக் கொடியை வீட்டில் இருப்பவரோடும், வறண்ட நிலத்தில் இலை உதிராது நிற்கும் அந்தச் சிறுமரத்தை வீட்டை விட்டுப் போகின்றவரோடும் புலவர்கள் சேர்த்தே கண்டுள்ளனர்.

பீர்க்கு தோட்டப்புறப் பிள்ளைகளுக்கு அறிமுகம் வேண்டாத கொடி. மலாய்க்காரர் இதனைப் பெத்தோலா என்பர். வீட்டுப் பின்புற வேலியிலோ, நான்கு கழி நட்டுக் கயிறு கட்டிய பந்தலிலோ ஏறி, வரியோடிய காய்களைத் தொங்கவிடும். சங்கப் புலவர் பீரம், பீர், பீரை என இதனைப் பல வடிவில் வழங்கினர். மழைக்காலத்துப் புதர்தோறும் இதன் மலர் பொன்போல் விரிந்திருப்பதை நெடுநல்வாடை காட்டுகிறது. அகப்பாட்டிலோ அந்நிறம் பசலைக்கு உவமையாகிறது. நற்றிணை 197ஆம் பாட்டில் நக்கீரரும், அகநானூறு 135ஆம் பாட்டில் பரணரும் தலைவியின் நெற்றியிற் படர்ந்த பசலைக்குப் பீர்க்கம்பூவையே உவமை கூறினர். பொருத்தமான உவமைதான். ஆனால் நிறத்தைக் காட்டியவுடன் பூவின் வேலை அங்கே முடிந்துவிடுகிறது. அவ்விடத்தில் வேறொரு மஞ்சட்பூவை வைத்தாலும் பாட்டுக்குப் பெரிய இழப்பில்லை.

குறுந்தொகை 98ஆம் பாட்டு அத்தகையதன்று. கோக்குளமுற்றனார் பாடிய அதில் தலைவி தோழியிடம் ஓர் ஆசையை மட்டும் வெளியிடுகிறாள். அவளுடைய நிலை இப்படி ஆகிவிட்டது என்று தலைவனை நெருங்கிச் சென்று சொல்லுவார் ஒருவர் கிடைத்தால் நன்றாயிருக்கும். போகும்போது தம் தோட்டத்தில் நீர் வடியும் பசும்புதரில் மாரிக்காலத்துத் தழைத்த பீரத்தின் பூக்கள் சிலவற்றைக் கொண்டு போகவேண்டும். பாட்டு இவ்வளவே. பசலை என்ற சொல்லே இதில் இல்லை. நெற்றி மஞ்சள் பூத்தது என்றோ, இப்பூவைப் போன்றது என்றோ தலைவி கூறவில்லை. பூவைக் கொண்டு சென்றால் அது தானே சொல்லிவிடும் என்று விட்டுவிடுகிறாள். பரணர் பாட்டில் உவமையாக நின்ற பூ இங்கே தூதாகிவிட்டது.

அத்தூது சொல்லும் செய்தியும் ஒன்றன்று, இரண்டு. பூவின் நிறம் அவளுடைய நிலையைச் சொல்லும். மாரியில் மலரும் பூவாதலின், வருவதாகச் சொன்ன பருவம் வந்துவிட்டதையும் அதுவே சொல்லும். சில பூக்கள் போதும் என்றதும் கருதத்தக்கது. கூடை நிறைய அனுப்புவது விழாவுக்கு. நோயை அறிவிக்க நாலைந்து பூ மிகுதி. இத்தனையும் ஐந்தே அடிகளில் அடங்கிவிட, மாணவர் பலரோ இப்பாட்டின் கீழ் முல்லைத் திணை, கார்ப்பருவம் என்று எழுதி அடுத்த பாட்டுக்குச் சென்றுவிடுகின்றனர்.

வரிப்பீர்க்கின் பூ மாலைப்பொழுதில் விரிவது. முல்லைக்குச் சிறுபொழுது மாலை என்பதோடு இதனை முடிச்சிட்டுப் பார்க்கத் தோன்றும். ஆனால் பாட்டில் பொழுதைப் பற்றிய பேச்சே இல்லை. புலவர் சொல்லாததை வலிந்து ஏற்றுவது அட்டவணையை ஒப்புவிப்பதைவிட நல்ல பழக்கம் அன்று.

பீர்க்கின் மற்றொரு முகம் பாழ்பட்ட வீட்டில் தெரியும். பகைவர் முனையால் ஊரார் கலைந்து ஓடிய பிறகு மனைகளில் பீர்க்கு முளைத்துக் கிடப்பதை அகநானூற்றுப் பாலைப்பாட்டு ஒன்று காட்டும். புறநானூறு 116ஆம் பாட்டில் பாரி மகளிர் இப்போது வாழும் சிறுவீட்டின் பக்கத்தே பீர்க்கு முளைத்துச் சுரையும் படர்ந்துள்ளது. முன்பு தந்தையின் மலையில் நின்று பகைவேந்தரின் குதிரைகளை எண்ணிய அப்பெண்கள், இங்கே குப்பைமேட்டில் ஏறி உப்பு வணிகரின் வண்டிகளை எண்ணுகின்றனர் எனக் கபிலர் வருந்துகிறார். ஆகவே, பீர்க்கு எந்தத் திணையில் வந்தாலும் வீட்டை விட்டு விலகுவதில்லை. வீடு செழித்தால் தோட்டத்தில் படரும். வீடு சாய்ந்தால் சுவரில் ஏறும். பற்றி ஏற ஒன்று வேண்டும் என்ற அதன் இயல்பைப் புலவர் நன்கு உணர்ந்திருந்தனர்.

உகாய் எதையும் பற்றாதது. ஆப்பிரிக்காவிலிருந்து அரேபியா வழியாக இந்தியா வரை, மழை குறைந்த நிலங்களிலும் உவர் நிலங்களிலும் இது தானே வளரும். தமிழகத்தில் இராமநாதபுரம், தூத்துக்குடிப் பக்கங்களில் காணலாம். இலைகள் சிறியவை, தடித்தவை, கோடையிலும் பச்சை மாறாதவை. மலேசிய மண்ணில் இச்செடியைப் பார்க்க முடியாது. ஆனால் இதன் வேர்க்குச்சியை எவரும் பார்க்கலாம். இசுலாமியர் பல் துலக்கும் மிஸ்வாக் குச்சி, மலாய்க்காரர் காயு சுகி என்று விற்கும் குச்சி, இந்த உகாயின் வேரே. ஓமையும் உகாயும் ஒன்றே என்பாரும் உளர். காட்டுயானை பட்டையை உரித்துத் தின்னும் பெருமரமாகக் குறுந்தொகை 79ஆம் பாட்டில் நிற்கும் ஓமையை இச்சிறுமரத்தோடு ஒன்றாக்குவது பொருந்தாது.

குறுந்தொகை 274ஆம் பாட்டில் உருத்திரனார் உகாயை இரண்டு உவமைகளால் தீட்டுகிறார். அடிமரம் புறாவின் முதுகு போன்றது. திரண்ட பழங்கள் இறாலின் முட்டைகள் போன்றவை. பாலையில் இறால் முட்டை எங்கிருந்து வந்தது என்று மாணவர் கேட்டால் அது நல்ல கேள்வி. உகாய் கடலோர உவர் நிலத்திலும் வளர்வது என்பதை அறிந்தவர்க்கு அவ்வுவமை அயலாகத் தோன்றாது. அப்பழங்கள் உதிருமாறு கிளையில் ஏறி, வில்லோடு வழிபார்த்திருப்பவர் ஆறலைகள்வர். பீர்க்கம்பூவைத் தொடுவது தலைவியின் வீட்டார் கை; உகாயைத் தொடுவதோ கொள்ளையர் கை. நீர்வேட்கையால் அவர்கள் நாரை மென்று தணிக்கின்றனர் என்றும் பாட்டு கூறும். மிஸ்வாக்கை நினைத்து அந்நாரும் உகாயின் நாரே என்று சொல்ல நா எழும். எந்த மரத்தின் நார் என்று புலவர் கூறவில்லை. இத்தகைய கொடிய காடும், தலைவியைத் தழுவிச் சென்றால் இனியதாகும் என்பது தலைவன் வாதம்.

அதே தொகையின் 363ஆம் பாட்டு இதற்கு மறுமொழி போல அமைந்துள்ளது. செல்லூர்க் கொற்றனார் காட்டும் சுரத்தில், ஏறு ஒன்று வெம்மையுற்று உகாயின் வரிவரியான நிழலில் கிடக்கிறது. அத்தகைய சுரத்தை, இனிய துணையைப் பிரிந்து கடப்பது இனிதோ என்று தோழி தலைவனைக் கேட்கிறாள். முன்னவன் இன்னாததை இனிது என்றான். இவள் அதே இரு சொற்களைக் கொண்டு அவன் வாயை அடைக்கிறாள். ஒருவர் பாட்டை மற்றவர் கேட்டிருந்தார் என்று கூறச் சான்றில்லை. ஆனால் இரு பாட்டுகளையும் ஒரே பாடவேளையில் அடுத்தடுத்து நடத்தும் ஆசிரியர்க்கு உரை விளக்கம் பாதி மிச்சமாகும். 1915இல் பின்னத்தூர் நாராயணசாமி ஐயரின் நற்றிணை உரையும், 1937இல் உ. வே. சாமிநாதையரின் குறுந்தொகை உரையும் வெளிவந்த பிறகு, பாட்டை நேரே கற்பிக்கத் தடை ஏதும் இருந்ததில்லை.

இலை உதிராத இம்மரத்தை எப்புலவரும் பசுமை கூறிப் பாராட்டவில்லை என்பது ஈண்டு நோக்கத்தக்கது. வரிநிழல் என்கிறார் ஒருவர். உலர்ந்த தலையுடையது என்கிறார் நற்றிணை 66ஆம் பாட்டைப் பாடிய இனிசந்த நாகனார். மரநூல் எழுதுபவர் பச்சை இலையைக் குறிப்பார். வழிநடப்பவர்க்கோ நிழல் போதாத மரம் உலர்ந்த மரமே.

அந்த நற்றிணைப் பாட்டே உகாய்ப் பாட்டுகளில் தலையாயது. காதலனோடு போய்விட்ட மகளை நினைத்து வீட்டில் இருக்கும் தாய் பேசுவதாக அமைந்தது. மிளகு பெய்தாற்போன்ற சுவையுடைய உகாயின் காயைத் தின்ற புறா, காரம் தாங்காது, தனிமை மிகுந்த நெடுங்கிளையில் ஏறிக் கழுத்தை அசைத்து வருந்துகிறது. காயின் காரம் கற்பனை அன்று; கடுகின் காரத்தை ஒத்த பொருள் இச்செடியில் உண்டு, ஆங்கிலேயர் இதனைக் கடுகு மரம் என்றே அழைத்தனர். ஆனால் தாய் அந்த வழியில் நடந்தவள் அல்லள். பார்த்திராத காட்டின் காயை அவள் தன் அடுக்களையில் உள்ள மிளகைக் கொண்டு அளந்துகொள்கிறாள். போகின்றவர்க்கு உரிய உகாய், இந்த ஒரு பாட்டில் வீட்டில் இருப்பவளின் நெஞ்சில் முளைத்துவிட்டது. காரத்தில் தவிக்கும் புறாவைச் சொன்ன வாயால் அவள் அடுத்துக் கேட்பது மகளின் கண்களைப் பற்றி: மாலை கசங்கினாலும், வளை நெகிழ்ந்தாலும், இடையிலுள்ள காசு வரிசை மாறினாலும் அழுதுவிடும் அச்சிறுமியின் கண்கள், அந்தப் புழுதி வழியில் இப்போது சிவந்து ஒளி மழுங்கியிருக்குமோ என்று.