மடக்கு சைக்கிள்: மடிப்பதற்கா, மிதிப்பதற்கா?

மடக்கு சைக்கிள் பற்றிய எந்த விமர்சனத்தை எடுத்தாலும் முதலில் மூன்று எண்கள் வந்துவிடும். எத்தனை நொடியில் மடியும், மடித்தால் எவ்வளவு இடம் பிடிக்கும், எடை எத்தனை கிலோ. மூன்றுமே சைக்கிளை ஓட்டாமல் இருக்கும்போது தேவைப்படுகிற எண்கள். ஓட்டினால் எப்படி இருக்கும் என்பதற்குக் கடைசியில் ஒரு வரி: "சின்னச் சக்கரத்துக்குப் பரவாயில்லை." வெளியூர் போகிற இடத்தில் உடற்பயிற்சிக்காக ஓட்ட நினைப்பவர்கள் இந்த வரிசையைத் திருப்பிப்போட்டுப் படிக்க வேண்டும் என்பது என் கருத்து.

எனக்கு ஏன் இந்த அக்கறை? மாதத்தில் பத்துப் பன்னிரண்டு நாள் வெளியூர் வேலை. ரத்தச் சர்க்கரை எல்லைக்கோட்டில் நிற்கிறது. பெரியவர்களுக்கு வாரம் 150 முதல் 300 நிமிடம் மிதமான உடற்பயிற்சி வேண்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். சொந்த ஊரில் இருக்கும் வாரம் அது எப்படியோ நடந்துடும். வெளியூர் வாரத்தில் பூஜ்யம். ஓடலாம் என்றால் முழங்கால் ஒத்துக்கொள்வதில்லை. அதனால் இந்த ஆராய்ச்சி.

முதலில் மடிக்கும் வேகம். இந்த வகையில் எல்லோரும் எடுத்துக்காட்டும் பிராம்ப்டன், ஆண்ட்ரூ ரிச்சி 1970களில் லண்டனில் வடிவமைத்தது. அந்த ஊரில் தினமும் ரயிலில் ஆபீஸ் போகிறவர் வீட்டிலிருந்து ஸ்டேஷன், ஸ்டேஷனிலிருந்து ஆபீஸ் என்று ஒரு நாளைக்கு நாலைந்து தடவை மடித்துப் பிரிப்பார். அவருக்கு 20 நொடி என்பது உண்மையிலேயே பெரிய விஷயம். நம் கதை வேறு. ஊருக்குக் கிளம்பும்போது ஒரு தடவை மடிக்கிறோம், திரும்பும்போது இன்னொரு தடவை. 20 நொடிக்குப் பதிலாக 20 நிமிடம் ஆனாலும் மொத்தப் பயணத்தில் 40 நிமிடத்துக்குள்தான் வித்தியாசம். அமெரிக்காவில் ஆரிகன் மாநிலத்து யூஜீன் நகரிலிருந்து வரும் பைக் ஃப்ரைடே நிறுவனம் இதைப் புரிந்துகொண்டது. ஓட்டுபவரின் உடல் அளவுக்கேற்பச் செய்து தருகிறார்கள். சில பாகங்களைக் கழற்றி சூட்கேஸில் அடுக்கலாம், நேரம் பிடிக்கும். பயணிக்குச் சரியான பேரம் அது.

அடுத்தது அளவு. மடித்த அளவு சின்னதாக இருந்தால் நல்லதுதான், ஆனால் எதைவிடச் சின்னதாக? பல விமான நிறுவனங்கள் ஒரு பெட்டியின் நீளம், அகலம், உயரம் மூன்றையும் கூட்டி 158 செ.மீ. என்று வரம்பு வைத்திருக்கின்றன. பிராம்ப்டன் மடித்தால் 58.5 × 56.5 × 27 செ.மீ., கூட்டினால் 142. பெட்டியோடு சேர்த்தாலும் சமாளிக்கலாம். 20 அங்குலச் சக்கர சைக்கிள் மடித்தபின் சுமார் 80 × 65 × 35 இருக்கும். கூட்டினால் 180, வரம்பைத் தாண்டிவிட்டது. எடைக்கு வருவோம். உள்நாட்டு விமானத்தில் சாதாரண டிக்கெட்டுக்கு 15 கிலோ. 12 கிலோ சைக்கிளை 4 கிலோ பெட்டியில் வைத்தால் சட்டை துணிக்குக்கூட இடமில்லை.

ரயில் இன்னும் சுவாரசியம். நம் ரயில்வே விதிப்படி பெட்டிக்குள் கொண்டுபோகும் சூட்கேஸ் 100 × 60 × 25 செ.மீ.க்குள் இருக்க வேண்டும். மூன்றடுக்கு ஏசியிலும் ஏசி சேர் காரிலும் வெறும் 55 × 45 × 22.5. மடிப்பில் மிகச் சிறியது என்று பெயர் வாங்கிய பிராம்ப்டனே இரண்டையும் தாண்டுகிறது. போதாததற்கு ஸ்கூட்டர், சைக்கிள் போன்றவற்றுக்கு இலவச லக்கேஜ் சலுகை கிடையாது. நான் பார்த்தவரை பையில் மூடிக் கொண்டுபோனால் யாரும் கேட்பதில்லை. கேட்டால், பதில் சொல்ல விதி நம் பக்கம் இல்லை.

ஜப்பானோடு ஒப்பிட்டுப் பாருங்கள். அங்கே ஜேஆர் ரயில்களில் பையில் போட்ட சைக்கிளுக்கு மூன்று பக்கமும் கூட்டி 250 செ.மீ., எடை 30 கிலோ வரை அனுமதி. ரின்கோ என்று அதற்குப் பெயர். முழு அளவு ரோடு பைக்கையே சக்கரம் கழற்றிப் பையில் போட்டுத் தூக்கிக்கொண்டு போகிறார்கள். ஆக, எந்த அளவு போதும் என்பதை முடிவு செய்வது நாம் ஏறும் வண்டியின் விதி. கேட்டலாக்கில் எது சின்னது என்று தேடுவதற்கு முன் நாம் பெரும்பாலும் எதில் போகிறோம் என்று பார்ப்பது நல்லது.

இனி மிதிப்பதற்கு வருவோம். சின்னச் சக்கரம் மெதுவாகப் போகும் என்பது வழக்கமான குறை. ஓரளவு உண்மைதான். ஆனால் உடற்பயிற்சிக்கு அது ஒரு குறையே இல்லை. இதயத்துக்குக் கிலோமீட்டர் கணக்கு தெரியாது. 25 கி.மீ. வேகத்துக்குப் பதில் 20-ல் போனாலும் மூச்சு வாங்கினால் போதும். உண்மையான கேள்வி, முக்கால் மணி நேரம் வலியில்லாமல் மிதிக்க முடியுமா என்பது. அதற்குப் பார்க்க வேண்டியவை மூன்று.

ஒன்று, கியர். 20 அங்குலச் சக்கரம் ஒரு சுற்றுக்குச் சுமார் 1.5 மீட்டர் நகரும். கியர் இல்லாத வண்டியில் முன்னால் செயின் வீல் 44 பல், பின்னால் 16 பல் என்று வைத்துக்கொள்வோம். ஒரு மிதிச் சுற்றுக்கு 4.1 மீட்டர். நிமிடத்துக்கு 80 சுற்று மிதித்தால் கிட்டத்தட்ட 20 கி.மீ. வேகம். சமதளத்தில் அருமை. ஒரு மேம்பாலம் வந்து வேகம் 10-க்கு இறங்கினால் மிதி 40 சுற்றாகிறது, பாரம் முழுக்க முழங்காலில். பின்னால் 28 பல் இருந்தால் அதே ஏற்றத்தில் 70 சுற்று. கடைக்காரர் "ஏழு கியர்" என்றால் பின்னாலிருக்கும் பெரிய பல் சக்கரத்தில் எத்தனை பல் என்று கேளுங்கள். ஏழு என்ற எண் தனியாக ஒன்றும் சொல்லாது.

இரண்டு, சீட் உயரம். செருப்பில்லாமல் நின்று உள்கால் நீளத்தை அளந்து 0.883-ஆல் பெருக்கினால் பெடல் தண்டுகள் சுழலும் நடு அச்சிலிருந்து (பாட்டம் பிராக்கெட்) சீட்டின் மேல்பக்கம் வரை இருக்க வேண்டிய தூரம் தோராயமாகக் கிடைக்கும். கிரெக் லெமாண்ட் பெயரில் வழங்கும் கணக்கு இது. உள்கால் 82 செ.மீ. என்றால் சீட் 72.4-ல். சீட் போஸ்டில் இதற்கு மேல் வெளியே இழுக்கக்கூடாது என்று ஒரு கோடு இருக்கும். கோடு தெரியாமல் அந்த உயரம் வரவில்லையா, வேறு வண்டி பாருங்கள்.

மூன்று, ஹேண்டில் தூரம். விமர்சனங்கள் தொடாத விஷயம் இது. சாதாரண சைக்கிள் பல ஃபிரேம் அளவுகளில் வரும். மடக்கு சைக்கிளில் பெரும்பாலும் ஒரே அளவு. சீட்டை ஏற்றலாம், இறக்கலாம், ஆனால் ஹேண்டிலை முன்னே பின்னே நகர்த்த முடியாத வண்டிகள்தான் அதிகம். "எல்லா உயரத்துக்கும் பொருந்தும்" என்ற விளம்பரத்தை நான் நம்பாதது இதனால்தான். கடையைச் சுற்றி ரெண்டு நிமிஷம் ஓட்டினால் தெரியாது, கால் மணி நேரம் கேளுங்கள்.

டயர் அகலமாக இருக்கட்டும். பெரிய சக்கரம் தாண்டிப்போகும் பள்ளத்தில் சின்னச் சக்கரம் இறங்கும். தெரியாத ஊரில் விடிகாலை இருட்டில், தெருநாய் துரத்தும்போது, பள்ளத்தைப் பார்த்து ஓட்ட முடியாது. கிளம்பும் முன் கீல் பூட்டையும் ஹேண்டில் பூட்டையும் இழுத்துப் பார்ப்பது கட்டாயம்.

என் தீர்ப்பு இதுதான். சொந்தக் காரில் போகிறவருக்கு மடிப்பு ஒரு பொருட்டே இல்லை. கியர் உள்ள 20 அங்குல வண்டி போதும். அடிக்கடி ரயில் என்றால் 16 அங்குலம், கூடவே மூடும் பை. விமானம் என்றால் கூடுதல் லக்கேஜ் கட்டணத்தையும் சைக்கிள் விலையோடு சேர்த்துக் கணக்குப் போடுங்கள். மூன்று நாளுக்குக் குறைவான பயணமா? சைக்கிள் வீட்டிலேயே இருக்கட்டும். தூக்கி, பிரித்து, மடித்து, மறுபடி தூக்கும் வேலைக்கு ஒரே ஒரு சவாரிதான் கிடைக்கும். பையில் ஒரு ஜோடி ஷூ போதும், வேகமாக நடந்தாலும் அந்த 150 நிமிடத்தில் சேரும்.

எதை வாங்கினாலும், ஆறு மாதம் கழித்து அது எத்தனை நிமிடம் ஓடியது என்று கூட்டிப் பாருங்கள். எந்த விமர்சனத்திலும் இல்லாத அந்த எண்தான் டாக்டருக்கு வேண்டியது.