கெய்தானும் கீழ்ப்படிதல் என்னும் கேள்வியும்

ரால்ஃப் ரிச்சர்ட் கெய்தான் (பிறப்பு: 1898) அமெரிக்காவின் மினசோட்டா மாநிலத்தைச் சேர்ந்த கிறிஸ்தவ மதப்பணியாளர், காந்தியர். 1925ல் அமெரிக்கன் மதுரை மிஷனின் ஊழியராகத் தமிழகத்துக்கு வந்தார். காந்தியுடன் கொண்ட தொடர்பின் காரணமாகப் பிரிட்டிஷ் ஆட்சியில் இருமுறை இந்தியாவை விட்டு வெளியேற நேர்ந்தது. விடுதலைக்குப் பின் திரும்பிவந்து, இன்றைய திண்டுக்கல் மாவட்டத்தின் காந்திகிராமம், வத்தலக்குண்டு, ஒட்டன்சத்திரம் பகுதிகளில் கிராமப்பணியாற்றினார். திண்டுக்கல் அப்போது மதுரை மாவட்டத்தின் பகுதி.

கெய்தானைப் பற்றிய குறிப்புகள் பெரும்பாலும் அவரை 'காந்தியை நேசித்த வெள்ளைக்காரர்' என்ற அளவில் சொல்லிக் கடந்துவிடுகின்றன. அது போதாது. அவர் வாழ்க்கை எழுப்பும் கேள்வி காந்தியம் சார்ந்ததாக இருப்பதைவிடக் கிறிஸ்தவம் சார்ந்தது. கடவுளுக்குக் கீழ்ப்படிபவர் யாருக்கெல்லாம் கீழ்ப்படியாமல் இருக்கவேண்டும் என்பதே அந்தக் கேள்வி.

பின்னணி

அமெரிக்கன் மதுரை மிஷன் யாழ்ப்பாணத்திலிருந்து வந்த மதப்பணியாளர்களால் 1834ல் மதுரையில் தொடங்கப்பட்டு விரைவிலேயே திண்டுக்கல்லுக்கும் பரவியது. பள்ளிகள், விடுதிகள், மருத்துவமனை, சுற்றுச்சுவருக்குள் அமைந்த பங்களா என்பது அதன் வடிவம். 19ஆம் நூற்றாண்டின் பிற்பாதியில் எட்வர்ட் செஸ்டர் திண்டுக்கல்லில் நடத்திய மருத்துவப்பணி அந்த வடிவத்தின் சிறந்த உதாரணம். கத்தோலிக்கம் திண்டுக்கல் சமவெளிக்கு அதற்கும் முன்னரே வந்துவிட்டது. திண்டுக்கல்லில் உள்ள ஏசுசபையினரின் பயிற்சி இல்லம் வீரமாமுனிவரின் இயற்பெயரான பெஸ்கியின் பெயரால் அமைந்தது.

மதுரை மிஷன் கீழ்ப்படிதலைக் கறாராகவே எடுத்துக்கொண்ட அமைப்பு. 1847ல் சபையினர் சாதியைக் கைவிட்டதற்குச் சான்றாக, தாழ்த்தப்பட்டவர் சமைத்த உணவை ஒன்றாக அமர்ந்து உண்ணவேண்டும் என்று அது கட்டளையிட்டது. பலர் மறுத்து சபையிலிருந்து விலக்கப்பட்டனர். அன்றைய சூழலில் இது சாதாரணமான முடிவல்ல, ஆட்களை இழந்தாலும் சரி என்னும் துணிவு அதில் இருந்தது. ஆனால் அந்தத் துணிவு சாதியை நோக்கி மட்டுமே திரும்பியது. ஆட்சியை நோக்கித் திரும்பவேண்டிய தருணம் 80 ஆண்டுகளுக்குப் பின் வந்தபோது மிஷன் தயங்கியது. கெய்தானின் கதை அங்கே தொடங்குகிறது.

விசுவாசம்: ஒரு சொல், இரு பொருள்

தமிழ்க் கிறிஸ்தவத்தின் மையச் சொற்களில் ஒன்று 'விசுவாசம்'. அதே சொல்லே 'ராஜவிசுவாசம்' என்றும் வழங்கியது. கடவுள்மேல் கொண்ட நம்பிக்கைக்கும் அரசருக்குக் காட்டும் பணிவுக்கும் ஒரே சொல் அமைந்தது தற்செயலாக இருக்கலாம். ஆனால் காலனிய காலத்துச் சபைகளில் இரண்டும் பெரும்பாலும் ஒன்றாகவே கலந்திருந்தன. 'ஊழியம்' என்ற சொல்லுக்கும் அப்படி ஒரு வரலாறு உண்டு. திருவிதாங்கூரில் அது கூலியின்றி வாங்கப்பட்ட கட்டாய வேலைக்குப் பெயர், சபைக்குள் அது கடவுளுக்குச் செய்யும் பணி.

இந்தக் கலப்புக்கு எழுத்துவடிவமும் இருந்தது. பிரிட்டிஷ் இந்தியாவில் பணியாற்ற வந்த வெளிநாட்டு மிஷன்கள் சட்டபூர்வமான அரசுக்குரிய மரியாதையையும் பணிவையும் காட்டுவதாகவும், அரசியலிலிருந்து விலகியிருப்பதாகவும் உறுதியளிக்கவேண்டும். அமெரிக்கரான கெய்தானையும் இது கட்டுப்படுத்தியது. மேலோட்டமாகப் பார்த்தால் இதில் பிழை ஏதுமில்லை. பவுல் ரோமருக்கு எழுதிய நிருபத்தின் 13ஆம் அதிகாரத்தில் அதிகாரங்களுக்குப் பணிவதைப் பற்றிச் சொல்வதை ஆதாரமாகக் காட்டவும் முடியும். ஆனால் அப்போஸ்தலர் நடபடிகள் 5ஆம் அதிகாரத்தில் பேதுரு ஆலோசனைச் சங்கத்தின் முன் நின்று, மனிதருக்கு மேலாகக் கடவுளுக்கே பணியவேண்டும் என்ற பொருளில் பேசுவதும் அதே வேதாகமத்தில்தான் இருக்கிறது. எந்த இடத்தில் எந்த அதிகாரத்தைப் புரட்டுவது என்பதை வாசிப்பவரின் நிலையே முடிவுசெய்கிறது.

1930

1930 மார்ச் தொடக்கத்தில் காந்தி வைஸ்ராய் இர்வினுக்கு எழுதிய கடிதத்தைக் கொண்டுசென்று கொடுத்தவர் ரெஜினால்ட் ரெனால்ட்ஸ் என்ற இளம் ஆங்கிலேயர், குவேக்கர் மரபினர். அவர் தென்னகம் வந்தபோது மதுரையில் கெய்தானின் வீட்டில் தங்கினார். கதர் அணிந்திருந்தார். கெய்தான் செய்தது இவ்வளவுதான், ஒரு கிறிஸ்தவர் இன்னொரு கிறிஸ்தவரைத் தன் வீட்டில் தங்கவைத்தார். அரசுக்கு அது அரசியல் நடவடிக்கையாகத் தெரிந்தது. மிஷன் கெய்தானை நாடு திரும்பச் செய்தது.

இந்த நிகழ்ச்சியின் முக்கியத்துவம் அதன் சிறுமையில் இருக்கிறது. கெய்தான் உப்பு அள்ளவில்லை, மறியல் செய்யவில்லை, மேடையில் பேசவில்லை. விருந்தோம்பலை அவர் விட்டுக்கொடுக்கவில்லை, அவ்வளவுதான். விருந்தினரை ஏற்பது கிறிஸ்தவ நெறியின் அடிப்படைக் கடமைகளில் ஒன்று. மத்தேயு சுவிசேஷத்தின் 25ஆம் அதிகாரத்தில் இறுதித்தீர்ப்பின் அளவுகோல்களில் ஒன்றாகவே அது வருகிறது. அந்தக் கடமைக்கும் அரசுக்குக் கொடுத்த உறுதிமொழிக்கும் முரண்பாடு வந்தபோது மிஷன் உறுதிமொழியின் பக்கம் நின்றது. மிஷனின் தரப்பிலும் நியாயம் இருந்தது என்பதைச் சொல்லவேண்டும். ஒருவரின் மனசாட்சிக்காகப் பள்ளிகளையும் மருத்துவமனைகளையும் பணயம் வைக்கலாமா என்ற கேள்வி எளிதானதல்ல. ஆனால் இந்த நியாயம் மிஷனின் சொத்துக்களே அதன் கீழ்ப்படிதலை நிர்ணயித்தன என்பதையும் ஒப்புக்கொள்கிறது. கம்பவுண்டுச் சுவர் உள்ளே இருப்பவர்களையும் கட்டிவைத்தது.

கெய்தான் தனித்த உதாரணமும் அல்ல. எஸ். ஜேசுதாசனும் எர்னெஸ்ட் பாரஸ்டர் பேட்டனும் 1921ல் திருப்பத்தூரில் கிறிஸ்துகுல ஆசிரமத்தைத் தொடங்கியிருந்தார்கள். ஸ்காட்லாந்தின் செல்வக் குடும்பத்தில் பிறந்த பாரஸ்டர் பேட்டன் 1932ல் சென்னையில் கதராடையுடன் இருந்தபோது போலீஸாரால் தாக்கப்பட்டார். தஞ்சையில் பிறந்த ஜே.சி. குமரப்பா 1930ல் பேராயர் ஃபாஸ் வெஸ்ட்காட்டுடன் சத்தியாகிரகம் கிறிஸ்தவ நெறிக்கு உகந்ததா என்று பொதுவெளியில் வாதிட்டார். பின்னர் சிறையில் இருந்தபோது இயேசுவின் போதனைகளைப் பற்றி எழுதினார், அது 1945ல் நூலாகியது. இவர்களில் குமரப்பா தர்க்கம் வல்லவர். கெய்தானுக்கு அந்தக் கூர்மை இல்லை. இயேசுவை நிறுவன மதத்துக்கு எதிராக நிறுத்தி வாதம் வளர்க்கும் முறையை குமரப்பாவிடமே காணமுடியும். கெய்தானிடம் இருப்பது பிடிவாதம். 1930ல் வெளியேற்றப்பட்டவர் திரும்பிவந்தார், 1944ல் மீண்டும் வெளியேற்றப்பட்டார், 1947ல் மீண்டும் வந்தார்.

அன்பு: சுவருக்கு வெளியே

1947ல் இரு நிகழ்வுகள் அடுத்தடுத்து நடந்தன. செப்டம்பர் 27 அன்று தென்னிந்தியத் திருச்சபை உருவானது, அமெரிக்கன் மதுரை மிஷனின் சபைகள் அதில் இணைந்தன. அடுத்த மாதமே திண்டுக்கல்லுக்கும் மதுரைக்கும் இடையில், அம்பாத்துறை ரயில்நிலையத்தின் அருகே, டி.எஸ். சௌந்திரமும் ஜி. ராமச்சந்திரனும் காந்திகிராமத்தைத் தொடங்கினர். ஒரு மதப்பணியாளர் முதலாவதன் பக்கம் செல்வதே இயல்பு. கெய்தான் தன் நாட்களைச் செலவிட்டது இரண்டாவதன் வட்டாரத்தில். சபையை விட்டு விலகியதாக அவர் இதைக் கருதவில்லை. கிறிஸ்துவைப் பின்பற்றுவதன் அடுத்த படியாகவே அவர் இதைக் கண்டார்.

இதில் அவருடைய அன்பு என்னும் கருத்தின் தனித்தன்மை தெரிகிறது. மிஷனின் அன்பு கொடுப்பவரின் அன்பு. மருத்துவர் மருந்து தருகிறார், ஆசிரியர் எழுத்து தருகிறார், பெறுபவர் நன்றியுடன் வாங்கிக்கொள்கிறார். நன்றி சிலசமயம் மதமாற்றமாகவும் ஆகிறது. காந்தி மதப்பணியாளர்களை விமர்சித்தது இந்தப் புள்ளியில்தான். கெய்தான் அந்த விமர்சனத்தை எதிர்தரப்பின் வாதமாக எடுத்துக்கொள்ளவில்லை, தன் குருவின் சொல்லாக எடுத்துக்கொண்டார். கொடுப்பவராக இருப்பதை விட்டு உடன் இருப்பவராக மாறுவதே அவர் மேற்கொண்ட மாற்றம். கதர், எளிய உணவு, கிராமவாசம் எல்லாம் அதன் வெளியடையாளங்கள்.

இதன் கண்ணுக்குத் தெரியும் விளைவு ஒட்டன்சத்திரத்தில் இருக்கிறது. கேரளத்தைச் சேர்ந்த மருத்துவர்களான ஏ.கே. தரியன், ஜேக்கப் செரியன் இருவரும் 1955ல் அங்கே கிறிஸ்தவ ஐக்கிய மருத்துவமனையைத் தொடங்கினர். அவர்களுக்குத் தூண்டுதலாக அமைந்தவர்களில் ஒருவர் கெய்தான். வெளிநாட்டு மிஷனின் கிளையாக இல்லாமல், எளிய வாழ்க்கையை ஏற்றுக்கொண்ட இந்திய மருத்துவர்களின் கூட்டு வாழ்வாக அது தொடங்கியது. ஜேக்கப் செரியன் பின்னர் அருகிலுள்ள அம்பிளிக்கையில் பணியைத் தொடர்ந்தார். இன்று காய்கறிச் சந்தைக்குப் பெயர்பெற்ற ஒட்டன்சத்திரத்தில் சந்தைக்கு வரும் விவசாயிகளுக்கு அந்த மருத்துவமனையைத் தெரியும், கெய்தானின் பெயர் தெரிந்திருக்க வாய்ப்பு குறைவு.

நம்பிக்கை: நிலமும் மனமும்

கெய்தானின் வாழ்க்கையில் மிகவும் விவாதத்துக்குரிய பகுதி பூதானம். வினோபா பாவே 1951 ஏப்ரலில் தெலங்கானாவின் போச்சம்பள்ளியில் தொடங்கிய நிலதான இயக்கம் 1956-57ல் தமிழகத்துக்கு நடைபயணமாக வந்தது. தமிழகத்தில் அதன் முதன்மை முகம் எஸ். ஜெகந்நாதன். அவர் மதுரை அமெரிக்கன் கல்லூரிப் படிப்பை 1930ல் விட்டு வெளியேறியவர், கிறிஸ்துகுல ஆசிரமத்தில் இருந்தவர், பின்னர் கெய்தானுடன் இணைந்து பணியாற்றியவர். 1950ல் அவர் மணந்த கிருஷ்ணம்மாள் திண்டுக்கல் பகுதியின் அய்யன்கோட்டையில் நிலமற்ற தலித் குடும்பத்தில் பிறந்தவர், வள்ளலார் மரபில் பற்றுள்ளவர். வத்தலக்குண்டை ஒட்டிய கிராமங்கள் இந்த இயக்கத்தின் முக்கியமான களங்களில் ஒன்று.

நிலவுடைமையாளரின் மனம் இரங்கும் என்று நம்புவது கிறிஸ்தவ நோக்கில் அன்னியமான கருத்தல்ல. சகேயு தன் சொத்தில் பாதியை ஏழைகளுக்குக் கொடுக்க முன்வந்த கதை லூக்கா சுவிசேஷத்தில் உள்ளது. ஆனால் அதற்கு முந்தைய அதிகாரத்திலேயே செல்வந்தனான ஒருவன் துக்கத்துடன் திரும்பிச்சென்ற கதையும் உள்ளது. பூதானத்தில் இரண்டாவது கதையே மிகுதியாக நடந்தது. கொடுக்கப்பட்ட நிலங்களில் கணிசமானவை சாகுபடிக்கு உதவாதவை, பல நிலங்கள் சட்டப்படி கைமாறவே இல்லை. 1968 டிசம்பர் 25 இரவில் கீழ்வெண்மணியில் 44 தலித்துகள் எரித்துக் கொல்லப்பட்டபோது மனமாற்றத்தின் மேல் வைத்த நம்பிக்கையின் எல்லை தெளிவாகியது. அது கிறிஸ்துமஸ் இரவு என்பதை எந்தக் கிறிஸ்தவச் சிந்தனையாளரும் எளிதில் கடந்துசெல்ல முடியாது.

அதன் பின் ஜெகந்நாதன் தம்பதியர் கீழத்தஞ்சைக்குச் சென்றனர். 1981ல் அவர்கள் தொடங்கிய லாஃப்டி அமைப்பு நிலத்தைத் தானமாகக் கேட்டு நிற்கவில்லை, பேரம் பேசி, கடன் பெற்று, விலைக்கு வாங்கி நிலமற்ற பெண்களின் பெயரில் பதிவுசெய்தது. இதை நம்பிக்கையைக் கைவிட்டதாக வாசிப்பது பிழை. நம்பிக்கை வைக்கவேண்டிய இடம் மாறியது, அவ்வளவே. கொடுப்பவரின் இரக்கத்திலிருந்து பெறுபவரின் உரிமைக்கு அது நகர்ந்தது. கெய்தான் மிஷனின் அன்பில் கண்ட அதே குறையை அவருடைய நண்பர்கள் பூதானத்தில் கண்டுகொண்டார்கள் என்று சொல்லலாம்.

விமர்சனங்கள்

கெய்தானை நோக்கி இரு திசைகளிலிருந்து விமர்சனங்களை வைக்கமுடியும். சபையின் தரப்பில் நின்று பார்ப்பவர், சுவிசேஷத்தை அறிவிப்பதும் கிறிஸ்துவின் கட்டளையே, அன்பின் பெயரால் அதைக் கைவிடுவது கீழ்ப்படிதலில் ஒரு பகுதியை விட்டுவிடுவதாகும் என்பார். இதற்குக் கெய்தானின் வாழ்க்கையில் முழுமையான பதில் இல்லை. அறிவிப்பதற்கு முன் அறிவிப்பவர் தகுதிபெறவேண்டும் என்பதே அவருடைய வாழ்க்கையிலிருந்து ஊகிக்கத்தக்க பதில். அது கேள்வியை ஒத்திவைக்கிறதே ஒழியத் தீர்ப்பதில்லை.

தலித் நோக்கிலிருந்து எழும் விமர்சனம் இதைவிட வலுவானது. 'கீழ்ப்படிதல்' என்ற சொல்லைத் தலைமுறைகளாகக் கேட்டு வளர்ந்தவர்களுக்கு அது ஆன்மிகச் சொல்லாக மட்டும் ஒலிக்காது. சேரியில் பிறந்தவருக்கு எளிமை ஒரு தேர்வு அல்ல. அமெரிக்கர் ஒருவர் விரும்பி ஏற்கும் கதரும் கூழும் அவருக்குத் தப்பிக்கவேண்டிய நிலைமைகள். மிஷன் பள்ளியும் விடுதியும் மருத்துவமனையும், அவற்றின் மேட்டிமைத்தனத்துடன் சேர்த்தே, திண்டுக்கல் வட்டாரத்தில் பலருக்கு வெளியேறும் வழியைத் திறந்துவிட்டன. காந்தியக் கிராமம் அந்த வழியை எந்த அளவுக்குத் திறந்தது என்ற கேள்வி உள்ளது. கெய்தானின் கிராமம் பற்றிய பார்வையில் கற்பனாவாதம் உண்டு என்பதை மறுக்கமுடியாது.

அவருடைய எழுத்தும் இந்தக் கேள்விகளுக்கு நேராக முகம்கொடுக்கும் தத்துவநூலாக அமையவில்லை. 1973ல் ஆங்கிலத்தில் வெளிவந்த அவருடைய தன்வரலாறு, யாத்திரை என்ற சொல்லைத் தலைப்பில் கொண்டது. தன்னை ஒரு துணுக்கு என்று சொல்லிக்கொள்வது. தமிழ்ப் புராட்டஸ்டண்ட் மரபில் யாத்திரை என்பது வலுவான உருவகம், ஹெச்.ஏ. கிருஷ்ணபிள்ளையின் இரட்சணிய யாத்திரிகம் 1894ல் வெளிவந்தது. அந்தக் காவியத்தின் யாத்திரை நாசபுரியிலிருந்து முத்திநகரம் நோக்கியது, மேலே செல்வது. கெய்தானுடையது பங்களாவிலிருந்து கிராமத்தை நோக்கியது. இந்தத் தலைகீழ் மாற்றத்தை விரித்தெழுதியிருந்தால் தமிழ்க் கிறிஸ்தவச் சிந்தனைக்கு ஒரு முக்கியமான நூல் கிடைத்திருக்கும். அவர் அதை எழுதவில்லை. தமிழ் வாசகர்கள் அவரை இன்று பெரும்பாலும் ஜெகந்நாதன்-கிருஷ்ணம்மாள் தம்பதியரின் வாழ்க்கையைச் சொல்லும் நூல்களில், வீட்டுக்கு வந்துபோகும் ஒரு மூத்தவராகவே சந்திக்கிறார்கள்.